வான்கோழிக்கு மன்னிப்பு

முள்ளியவளை
தை மாதக் கடைசி

அன்பின் நண்பனுக்கு,

உன் கடிதம் பொங்கலுக்கு மறுநாள் கிடைத்தது. உங்கள் அமெரிக்க ஜனாதிபதி நவம்பரில் வான்கோழிகளுக்கு மன்னிப்பு வழங்கும் கூத்தை எழுதியிருந்தாய். 1989 இல் மூத்த புஷ் முறைப்படி தொடக்கிவைத்த வழக்கமாமே! அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். "அந்தக் கோழி செய்த குற்றம் என்ன?" என்று கேட்டார். நான் என்ன பதில் சொல்வது?

இங்கே பெப்ரவரி 4 வருகிறது. வெசாக், நத்தார் போலச் சுதந்திர தினத்துக்கும் ஒரு மன்னிப்புப் பட்டியல் வரும். தண்டப்பணம் கட்ட வழியில்லாமல் உள்ளே கிடப்பவர்கள், முதியவர்கள் என்று சிலர் வீடு திரும்புவார்கள். அதில் எனக்குக் குறை இல்லை. ஆனால் மன்னிப்பதற்கு முதலில் ஒருவர் குற்றவாளி என்று தீர்ப்பாக வேண்டும் அல்லவா? பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் வருடக்கணக்கில் விளக்கமறியலில் இருப்பவனுக்கு அந்தத் தீர்ப்பே வருவதில்லை. எந்தப் பெருநாளும் அவனுக்கு உதவாது.

2021 பொசன் உனக்கு நினைவிருக்கும். தமிழ் அரசியல் கைதிகள் 16 பேர் விடுதலை என்று இனிப்புக் கொடுத்தோம். அன்றைக்கே, கொலை வழக்கில் மரண தண்டனை பெற்றிருந்த முன்னாள் நாடாளுமன்ற உறுப்பினர் துமிந்த சில்வாவும் வெளியே நடந்து வந்தார். நம் 16 பேரையும் முன்னால் நிறுத்தி அவரைப் பின்னால் அனுப்பினார்கள் என்றுதான் நான் இன்றும் நினைக்கிறேன். மரண தண்டனைக் கைதியை மன்னிப்பதென்றால் வழக்கை விசாரித்த நீதிபதியின் அறிக்கை, சட்டமா அதிபரின் ஆலோசனை, நீதி அமைச்சரின் பரிந்துரை என்று அரசியலமைப்பின் 34 ஆம் உறுப்புரை ஒழுங்கு வைத்திருக்கிறது. 2024 ஜனவரியில் உயர் நீதிமன்றம் அந்த மன்னிப்பைச் செல்லாது என்றது. 2025 வெசாக்கில் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். ஜனாதிபதி அனுமதித்த பட்டியலிலேயே இல்லாத ஒருவர் அனுராதபுரம் சிறையிலிருந்து வெளியேறிவிட்டார். கடைசியில் சிறைச்சாலைகள் ஆணையாளர் நாயகமே கைதானார்! உங்கள் வான்கோழிப் பட்டியலில் இப்படி ஒரு குளறுபடி நடந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

இனப்பிரச்சினைக்குத் தீர்வு என்ற வாக்குறுதியும் பெருநாள் வழக்கம்தான். 75 ஆவது சுதந்திர தினத்துக்குள் தீர்வு என்று அப்போதைய ஜனாதிபதி ரணில் சொன்னது 2022 இல். அதற்கு மேல் எழுத மை செலவாகும்.

பொன்னியின் செல்வன் இரண்டு பாகங்களையும் ஒருவழியாகப் பார்த்து முடித்தேன். ஐந்து பாக நாவலை இரண்டு படங்களுக்குள் அடக்கினால் வெட்டு விழத்தான் செய்யும். ஆனால் மணிமேகலையை வெட்டியதை என்னால் பொறுக்க முடியவில்லை. நாவல் முடிவதே அவள் சாவில்தானே! கல்கி மாதோட்டத்தையும் யானை இறவுத் துறையையும் பெயர் சொல்லி எழுதினார். படத்துக்காரர்கள் இலங்கைக் காட்டுக்குத் தாய்லாந்து போனார்கள். ஆனையிறவில் நின்று உப்புக் காற்று முகத்தில் அடிக்க அந்த அத்தியாயத்தை வாசித்தவனுக்கு இது வயிற்றெரிச்சல்தான்.

நம் ஊர் நாவல்களில் செங்கை ஆழியானின் வாடைக்காற்று 1978 இலேயே படமாகிவிட்டது. என் ஆசை பாலமனோகரனின் நிலக்கிளி. 1973 இல் வந்த நாவல், பள்ளிக்கூடத்தில் கடைசி வாங்கில் ஒளித்து வைத்து இருவரும் மாறி மாறி வாசித்தோமே. நிலத்துப் பொந்தில் கூடு கட்டித் தாழப் பறக்கும் அந்த நிலக்கிளியைப் போலவே நாயகி பதஞ்சலி. கதை நடக்கும் தண்ணிமுறிப்பிலேயே எடுக்க வேண்டும். ஆனால் அங்கே கமராவை எங்கே ஊன்றுவது? 1984 இல் இடம்பெயர்ந்த சனத்தின் வயல்களுக்கு வனத் திணைக்களமும் தொல்பொருள் திணைக்களமும் உரிமை கொண்டாடுகின்றன. பக்கத்துக் குருந்தூர்மலையில் கட்டட வேலையை நிறுத்தச் சொல்லி முல்லைத்தீவு நீதவான் நீதிமன்றம் 2022 இல் கட்டளையிட்டும் விகாரை எழும்பியது. அந்த வழக்கைக் கையாண்ட நீதிபதி 2023 செப்டெம்பரில், உயிருக்கு அச்சுறுத்தல் என்று எழுதி வைத்துவிட்டுப் பதவியையும் நாட்டையும் விட்டுப் போனார். நீதிபதிக்கே இந்தக் கதி என்றால் படப்பிடிப்புக்கு அனுமதி கேட்டு நான் எந்தக் கந்தோர் வாசலில் நிற்பது?

அனுமதி அலைச்சல் என்னுடையது, காசு உன்னுடையது. பதஞ்சலியாக யார் நடிப்பது என்று அடுத்த கடிதத்தில் எழுது. சென்னையிலிருந்து ஆளைக் கூட்டி வரும் யோசனை என்றால் எழுதாதே.

அன்புடன்,
உன் பழைய வாங்குத் தோழன்