பார்க்கின்சன் ஆய்வுச் செய்திகளில் விடுபடும் ஒரு விவரம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பார்க்கின்சன் நோய்க்குப் புதிய சிகிச்சை வந்துவிட்டதாகச் செய்தி வெளியாகும்போதெல்லாம், அந்த ஆய்வில் எத்தனை பேர் பங்கேற்றார்கள், அவர்களோடு ஒப்பிடுவதற்கு வெற்று மருந்து (மருந்துப்பொருள் ஏதுமில்லாத போலி மருந்து) பெற்ற இன்னொரு குழு இருந்ததா என்ற விவரத்தைத் தேடிப் பார்க்கிறேன். பெரும்பாலும் அது கிடைப்பதில்லை. எந்த நோயைப் பற்றிய செய்தியிலும் இது குறைதான் என்றாலும், இந்நோயைப் பொறுத்தவரை அந்த விவரம் இல்லாத செய்தியை வைத்து எந்த முடிவுக்கும் வர இயலாது. பல ஆண்டுகளாகப் பார்க்கின்சன் நோயோடு வாழும் கணவரைக் கவனித்துவருபவள் என்ற முறையில் இதன் காரணத்தைச் சொல்ல விரும்புகிறேன்.

நடுமூளையில், உடல் அசைவுக்கு உதவும் டோபமைன் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் நரம்பணுக்கள் மெல்ல மெல்ல அழிவதால்தான் இந்நோயில் நடுக்கமும் விறைப்பும் அசைவில் மந்தமும் ஏற்படுகின்றன. மருந்து கிடைக்கப்போகிறது என்ற எதிர்பார்ப்போடு வெற்று ஊசி போட்டுக்கொண்ட நோயாளிகளின் மூளையிலும் டோபமைன் கூடுதலாகச் சுரந்ததைக் கனடாவின் வான்கூவரைச் சேர்ந்த ஆய்வாளர்கள், மூளையின் செயல்பாட்டைப் படமாகக் காட்டும் பெட் ஸ்கேன் மூலம் கண்டறிந்து 2001-இல் வெளியிட்டார்கள். அதாவது, நோயாளி அடையும் முன்னேற்றம் வெறும் பிரமை அன்று. அவர் உண்மையாகவே சற்று எளிதாக நடக்கிறார். ஆனால் அந்த முன்னேற்றத்தைக் கொடுத்தது புதிய மருந்தா, அதன்மீது வைத்த நம்பிக்கையா என்பதை ஒப்பீட்டுக் குழு இல்லாமல் யாராலும் பிரித்தறிய முடியாது.

இதற்குச் சான்றுகள் பல உண்டு. ஜி.டி.என்.எஃப் என்ற புரதத்தை மூளைக்குள் நேரடியாகச் செலுத்திய ஆய்வின் முடிவு 2003-இல் வெளிவந்தபோது, அதில் பங்கேற்ற 5 பேரின் நிலையும் நன்கு தேறியிருந்தது. அதே புரதத்தை 34 பேரிடம் ஒப்பீட்டுக் குழுவோடு சோதித்து 2006-இல் வெளியிட்டபோது, வெற்றுத் திரவம் பெற்றவர்களுக்கும் புரதம் பெற்றவர்களுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. கருவிலிருந்து எடுத்த நரம்பணுக்களை மூளையில் பொருத்தும் சிகிச்சையை அமெரிக்காவில் 40 பேரிடம் சோதித்தபோது, ஒரு பாதியினருக்கு மண்டையில் துளை மட்டும் இட்டு, அணுக்களைப் பொருத்தாமல் விட்டார்கள். இது கேட்பதற்குக் கடுமையாக இருக்கலாம். ஆனால் அப்படிச் செய்ததால்தான், உண்மையில் எந்தச் சிகிச்சையைப் பெற்றார்கள் என்பதைவிட, எதைப் பெற்றதாக நம்பினார்கள் என்பதே அவர்களுடைய வாழ்க்கைத் தரத்தில் அதிகம் பிரதிபலித்தது என்று பின்னர் தெரியவந்தது.

பலவகை அணுக்களாக வளரக்கூடிய ஸ்டெம் செல்களிலிருந்து வளர்த்த நரம்பணுக்களைப் பொருத்திய இரண்டு ஆய்வுகள் 2025-இல் வெளியாகிப் பெரும் எதிர்பார்ப்பை எழுப்பியுள்ளன. ஜப்பானின் கியோட்டோவில் நடந்த ஆய்வில் 7 பேரும், வட அமெரிக்காவில் நடந்த ஆய்வில் 12 பேரும் சிகிச்சை பெற்றார்கள். இரண்டுமே முதன்மையாகப் பாதுகாப்பைச் சோதிப்பதற்காக, ஒப்பீட்டுக் குழு இன்றி நடந்தவை. பொருத்திய அணுக்கள் கட்டியாக வளரவில்லை என்பது மிக முக்கியமான நற்செய்தி. அதை நானும் மனநிறைவோடு படித்தேன். ஆனால் நோய் குணமாகிறது என்று தலைப்பிட இந்த முடிவுகள் போதா.

இத்தகைய தலைப்புகளால் விளையும் தீங்கு சிறிதன்று. புதியது வரும்வரை காத்திருக்கலாம் என்று எண்ணி, இந்நோய்க்கு வழக்கமாகத் தரப்படும் லெவோடோபா என்ற மருந்தைத் தள்ளிப்போடுகிறவர்களும், சீக்கிரம் தொடங்கினால் அது பின்னாளில் பயன்தராது என்று அஞ்சுகிறவர்களும் இருக்கிறார்கள். 445 பேர் பங்கேற்று 2019-இல் வெளியான ஆய்வில், அம்மருந்தை முன்கூட்டியே தொடங்கியவர்களுக்கும் 40 வாரம் தாமதித்துத் தொடங்கியவர்களுக்கும் இடையே நோயின் போக்கில் வேறுபாடு தெரியவில்லை. அது நோயைத் தடுத்து நிறுத்துவதுமில்லை, விரைவுபடுத்துவதுமில்லை. தேவைப்படும்போது தயங்காமல் எடுத்துக்கொள்ளலாம் என்பதே இதன் பொருள். ஏற்கெனவே உட்கொண்டுவரும் லெவோடோபாவை மருத்துவரைக் கேட்காமல் திடீரென நிறுத்துவதோ உயிருக்கே ஆபத்தாக முடியலாம்.

உடற்பயிற்சியைப் பற்றிய ஆய்வுகளுக்கும் செய்திகளில் உரிய இடம் கிடைப்பதில்லை. மருந்து தொடங்காத தொடக்கநிலை நோயாளிகள் 128 பேரிடம் நடந்து 2018-இல் வெளியான ஆய்வில், இதயத்துடிப்பு நன்கு உயரும் அளவுக்கு டிரெட்மில்லில் தீவிரப் பயிற்சி செய்தவர்களின் அறிகுறிகள் ஆறு மாதத்தில் ஏறக்குறைய மாறாமல் இருந்தன. பயிற்சி பெறாத குழுவினருக்கு அவை சற்று மோசமாகியிருந்தன. உடற்பயிற்சிக்கு வெற்று மருந்து என ஒன்று இருக்க முடியாது என்பதால் இதையும் எச்சரிக்கையோடுதான் படிக்க வேண்டும்.

ஆகவே, ஆய்வு எந்தக் கட்டத்தில் உள்ளது, எத்தனை பேரிடம் நடந்தது, ஒப்பீட்டுக் குழு இருந்ததா என்ற மூன்றையும் செய்தியின் முதல் பத்தியிலேயே தர வேண்டுகிறேன். கூடவே, தோல்வியடைந்த ஆய்வுகளையும் அதே முக்கியத்துவத்துடன் வெளியிடுங்கள். நீரிழிவு மருந்தான எக்ஸெனடைடு 62 பேரிடம் நடந்த சிறிய ஆய்வில் பலன் தருவதாக 2017-இல் தெரிந்தது. பின்னர் 194 பேரிடம் நடந்த பெரிய ஆய்வில் அந்தப் பலன் உறுதிப்படவில்லை என 2025-இல் அறிவிக்கப்பட்டது. தமக்குக் கிடைப்பது மருந்தா வெற்று ஊசியா என்று அறியாமலே 96 வாரங்கள் வாரந்தோறும் ஊசி போட்டுக்கொள்ள முன்வந்தவர்கள் அவர்கள். அவர்களால் கிடைத்த விடை, முதலில் வந்த நம்பிக்கைச் செய்தியைப் படித்த அத்தனை பேரையும் சென்றடைய வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் வாசகி