பாதுகாப்புச் செலவை விவாதிக்காமல் விடலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

அமெரிக்க அதிபரின் போர் அதிகாரத்தை அந்நாட்டு நாடாளுமன்றம் கட்டுப்படுத்த முடியுமா என்பது பற்றித் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். நல்ல கட்டுரை. அதே கேள்வியை நம் நாட்டைப் பார்த்தும் கேட்க வேண்டும் என்பதால் எழுதுகிறேன்.

நான் சேலம் மாவட்டத்தில் உள்ளாட்சிக் கணக்குகளைத் தணிக்கை செய்து ஓய்வு பெற்றவள். ஏற்காடு மலைக் கிராமங்களில் மழைக்காலத்தில் மண் சரிந்து பாதை அடைத்துக்கொள்ளும். தீர்மானம் வரட்டும் என்று யாரும் காத்திருக்க மாட்டார்கள். பொக்லைனை வரவழைத்து மண்ணை அள்ளிவிடுவார்கள். அதுதான் சரி. ஆனால் அடுத்த கூட்டத்தில் அந்தச் செலவை ஊராட்சி மன்றத்தின் முன் வைத்துப் பின்னேற்பு, அதாவது செய்து முடித்த செலவுக்கான ஒப்புதல், வாங்கியாக வேண்டும். வாங்காவிட்டால் தணிக்கைத் தடை, அதாவது செலவுக்கு ஆட்சேபம், எழுதுவோம், தொகை ஐயாயிரமாக இருந்தாலும். படையை அனுப்பும் விஷயத்தில் இந்த அளவு ஒழுங்குகூட நம் சட்டத்தில் இல்லை.

போரைக் காரணம் காட்டி நெருக்கடி நிலை அறிவித்தால், அரசமைப்புச் சட்டத்தின் 352-வது பிரிவுப்படி ஒரு மாதத்துக்குள் இரு அவைகளும் அதை ஏற்க வேண்டும், இல்லையேல் காலாவதியாகிவிடும். போரைத் தொடங்கவோ வெளிநாட்டுக்குப் படை அனுப்பவோ அப்படி எந்த நிபந்தனையும் கிடையாது. அமைச்சரவை முடிவெடுத்தால் போதும். 1987 ஜூலை 29-ல் கொழும்பில் இந்திய-இலங்கை ஒப்பந்தம் கையெழுத்தானது, உடனே நம் படை யாழ்ப்பாணத்தில் போய் இறங்கியது. அமைதி காக்கப் போனவர்கள் அக்டோபரில் விடுதலைப் புலிகளோடு சண்டையில் இறங்கினார்கள். 1990 மார்ச்சில் கடைசி வீரர் திரும்புவதற்குள் ஆயிரத்துக்கும் மேற்பட்ட இந்திய வீரர்கள் இறந்துவிட்டார்கள். ஈழத்து மக்கள் பட்ட பாட்டைத் தமிழ் வாசகர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. என் தம்பி அந்தப் படையில் இருந்தான். உயிரோடு வந்தான், அது எங்கள் குடும்பத்தின் பாக்கியம். அந்த இரண்டரை ஆண்டுகளில் எந்தக் கட்டத்திலும், 'படை தொடரலாமா' என்று மக்களவையின் அனுமதி கேட்டாக வேண்டிய கட்டாயம் அரசுக்கு இருக்கவில்லை. இன்றும் இல்லை.

அப்படியானால் மக்களவையின் கையில் இருப்பது பணம்தான். 113-வது பிரிவுப்படி எந்த அமைச்சகத்தின் மானியக் கோரிக்கையையும், அதாவது செலவுக்குப் பணம் கேட்டு அவை முன் வைக்கும் கோரிக்கையையும், அது ஏற்கலாம், மறுக்கலாம், குறைக்கலாம். இந்த உரிமை சும்மா வந்ததல்ல. வெள்ளைக்காரன் காலத்தில் பாதுகாப்புச் செலவு மத்திய சட்டசபையின் வாக்குக்கே வராது. 1939 செப்டம்பர் 3-ல் வைஸ்ராய் லின்லித்கோ, இந்தியர்கள் யாரையும் கேட்காமல் இந்தியா போரில் இறங்கியதாக அறிவித்தார். அதை எதிர்த்துப் பதவி விலகிய காங்கிரஸ் அமைச்சரவைகளில் சென்னை மாகாணப் பிரதமர் ராஜாஜியின் அமைச்சரவையும் ஒன்று. அவர் அதற்கு முன் நம் சேலம் நகராட்சியின் தலைவராக இருந்தவர்.

அப்படிக் கிடைத்த உரிமையை இப்போது என்ன செய்கிறோம்? 2023 மார்ச்சில் அவையில் இரு தரப்பும் கூச்சலிட்டுக்கொண்டிருந்தன. சுமார் 5.94 லட்சம் கோடி ரூபாய் பாதுகாப்பு ஒதுக்கீடு உட்பட எல்லா அமைச்சகங்களின் கோரிக்கைகளும் கில்லட்டின் முறையில், விவாதமே இல்லாமல், ஒரே மூச்சில் நிறைவேறின. 2018-லும் இதே கதைதான். கோரிக்கைகளை நாடாளுமன்ற உறுப்பினர்கள் அடங்கிய நிலைக்குழு பார்க்கிறதே என்பார்கள். 1993 முதல் பார்க்கிறது, உண்மை. ஆனால் பணத்தைக் குறைக்கும் அதிகாரம் குழுவுக்கு இல்லை, அவைக்குத்தான் உண்டு.

பணத்தைப் பிடித்தால் என்ன ஆகும் என்பதை 1973-ல் அமெரிக்காவில் பார்த்தோம். வியட்நாம், கம்போடியா, லாவோஸ் அடங்கிய இந்தோசீனாவில் சண்டைக்கு இனி காசு கிடையாது என்று அந்நாட்டு நாடாளுமன்றம் சொன்னது. அதிபர் நிக்சன் முதலில் மறுத்தார். ஆனால் அரசை நடத்தவே பணம் வேண்டுமே! ஆகஸ்ட் 15 என்று கெடு வைத்த சட்டத்தில் கையெழுத்துப் போட்டார். அந்த நாளோடு கம்போடியா மீது குண்டு வீசுவது நின்றது. அதே ஆண்டு நவம்பரில் வந்த போர் அதிகாரச் சட்டம், அனுமதியில்லாத சண்டைக்கு 60 நாள் கெடு வைத்தது. அதை அதிபர்கள் ஏதாவது விளக்கம் சொல்லித் தாண்டிவிடுகிறார்கள். 2011-ல் லிபியாவில் ஒபாமா அரசும் அப்படித்தான் செய்தது. கஜானாவைப் பூட்டினால் அவ்வளவு எளிதாகத் தாண்ட முடியாது.

எதிரி எல்லையில் நிற்கும்போது விவாதமா என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். 1962-ல் சீனப் படை உள்ளே வந்துகொண்டிருந்தபோதே, வாஜ்பாய் கேட்டுக்கொண்டபடி கூட்டத்தொடரை முன்கூட்டியே, நவம்பர் 8-ல், தொடங்கினார் நேரு. ரகசியக் கூட்டமாக நடத்தலாம் என்ற யோசனையை அவர் ஏற்கவில்லை. அவர் முகத்துக்கு நேராகவே உறுப்பினர்கள் கடுமையாகப் பேசினார்கள். அதனால் நாடு பலவீனப்படவில்லை.

படைக்கு வேண்டிய தளவாடங்களைச் செய்வதற்கான தமிழ்நாட்டுப் பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தின் ஐந்து முனையங்களில் சேலமும் ஒன்று. இங்குள்ள பட்டறைகளுக்கும் ஐ.டி.ஐ. முடித்த பிள்ளைகளுக்கும் வேலை வந்தால் மனதார வரவேற்பேன். அந்தப் பணம் நம் ஊருக்குள்ளும் வருகிறது என்பதாலேயே, அது எப்படி ஒதுக்கப்படுகிறது என்று கேட்கும் பொறுப்பு நமக்குக் கூடுகிறது.

சேலம் மக்களவை உறுப்பினர் தனிநபர் மசோதா ஒன்றைக் கொண்டுவர வேண்டும். படை வெளிநாடு போனால் 30 நாட்களுக்குள் மக்களவையில் வாக்கெடுப்பு, அதன் செலவுக்குத் தனித் தலைப்பு என்று அதில் இருக்கட்டும். பாதுகாப்பு மானியக் கோரிக்கையைக் கில்லட்டினுக்கு விடக் கூடாது என்று அவை விதிகளையும் திருத்தச் சொல்ல வேண்டும். அவருக்குத் தனியாகவும் எழுதியிருக்கிறேன். வாசகர்களும் எழுதினால் நல்லது.

ஓய்வு பெற்ற தணிக்கை ஆய்வாளர்,
கன்னங்குறிச்சி, சேலம்.