டிராகனைக் காணோம்

கும்பகோணம்
ஐப்பசி 12

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதுகிறேன். போனில் பேசக்கூடாதா என்று கேட்பாய். போனில் நீ "நல்லா இருக்கேம்ப்பா, மீட்டிங் இருக்கு" என்று இரண்டு நிமிடத்தில் வைத்துவிடுகிறாய். கடிதம் என்றால் முடிகிறவரை படித்துத்தானே ஆகவேண்டும். அம்மா நலம். முழங்கால் வலி அப்படியேதான். நாலு நாளாக மழை விடவில்லை, கொல்லை நடையில் மறுபடி ஒழுகுகிறது. நீ இரவு ரொம்ப நேரம் முழித்திருக்காதே.

போன ஞாயிற்றுக்கிழமை நெட்டையன் வந்திருந்தான். கையில் கல்யாணப் பத்திரிகை, கக்கத்தில் உன் ஸ்மால் வேர்ல்ட் போர்டு கேம் பெட்டி. தையில் முகூர்த்தம், பெண் திருவாரூர்ப் பக்கம். உறை மேல் என் பெயரும் அம்மா பெயரும் எழுதியிருந்தான். நம் வீட்டுக்கு எது கொடுத்தாலும் உன் பெயரை முதலில் போடுகிற பிள்ளை அவன். பெங்களூர் வீட்டைக் காலி செய்கிறானாம். "இது அவனோடது மாமா, இங்கயே இருக்கட்டும்" என்று பெட்டியை ஊஞ்சலில் வைத்தான். உன்னைப் பற்றி நான் ஒன்றும் கேட்கவில்லை. அவனும் ஒன்றும் சொல்லவில்லை. காபியைப் பாதியில் வைத்துவிட்டுப் போய்விட்டான்.

அவன் போனதும் பெட்டியைத் திறந்து எண்ணினேன். கூட்டுறவு வங்கியில் காஷியராக இருந்தவனுக்கு எண்ணாமல் எதையும் உள்ளே வைக்க வராது. இனப் பட்டை 14, சக்திப் பட்டை 20, தொலைந்த குடி வில்லை 18, மலை 9, ட்ரோல் குகை 10. எல்லாம் சரி. காசும் சரி. அந்த 3 போட்ட காசைத்தான் இன்னும் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. நான் சின்னப் பையனாக இருந்தபோது ஆறு மூலை வைத்து அலுமினியத்தில் மூன்று பைசா இருந்தது, அதோடு சரி. இரண்டு தரம் எண்ணிவிட்டேன். ஒன்றே ஒன்றுதான் குறைகிறது. டிராகன்.

அந்தப் பொங்கல் ராத்திரி ஞாபகம் இருக்கிறதா? நாலு பேரும் திண்ணையில் அட்டையை விரித்தீர்கள். நாலு பேர் என்றால் 9 சுற்று என்றாய். முப்பது வயது ஆண்பிள்ளைகள் எலும்புக்கூட்டையும் ஓர்க்கையும் வைத்துக்கொண்டு சண்டை போடுகிறார்களே என்று எனக்கு உள்ளுக்குள் எரிச்சல். மூன்றாவது சுற்றில் நானே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டேன். நெட்டையனிடம் தூதர் பட்டை. அவன் உன்னைத் தொடவே மாட்டான். தன் முறை முடிந்ததும் உன்னைக் காட்டி "சமாதானம்" என்பான். அவனுடைய அடுத்த முறை வரும்வரை நீ அவனைத் தாக்க முடியாது. பக்கத்திலேயே அவன் மலை, காடு எல்லாம் காவல் குறைந்து கிடக்க, நீ பல்லைக் கடித்தாய். கடைசியில் மறைத்து வைத்த காசையெல்லாம் கொட்டி எண்ணினபோது 2 காசில் அவன் ஜெயித்தான். அவன் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாய். அவன் சிரித்த சிரிப்பில் கோடிவீட்டுக் கிழவி விளக்கைப் போட்டாள்.

அன்றைக்கு உன் ஆட்டத்தில் ஒரு குறை கண்டேன். அப்போது சொல்லவில்லை. நீ இனத்தைக் கவிழ்க்கத் தயங்குகிறாய். டிக்லைன் என்பீர்களே, பழைய இனத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு அடுத்த முறை புது இனம் எடுப்பது, அதைத்தான் சொல்கிறேன். ஒரு முறை முழுக்க வீணாகிறதே என்று பார்த்து, கையில் மூன்று வில்லை மிச்சமிருக்கும்போதும் அதையே வைத்து முட்டிக்கொண்டிருந்தாய். கவிழ்த்த இனமும் அட்டையில் இருக்கிற வரைக்கும் இடத்துக்கு ஒரு காசு கொடுத்துக்கொண்டுதானே இருக்கிறது? விட்டதெல்லாம் போனதாக ஆகிவிடாது. நான் ஆட்டத்தைப் பற்றித்தான் சொல்கிறேன். இப்போது சாயங்காலத்தில் எதிர்வீட்டுப் பிள்ளைகளோடு ஆடுகிறேன். நான் மூன்றாவது சுற்றிலேயே கவிழ்த்துவிடுவேன். நேற்று ஜெயித்தேன். டிராகனுக்குப் பதில் புளியங்கொட்டை. நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் பிள்ளைகள் ஒப்புக்கொள்ள மாட்டேன் என்கிறார்கள்.

இந்த மாதம் ஜெர்மனியில் எசன் ஊரில் ஷ்பீல் திருவிழா முடிந்திருக்குமே? 1983லிருந்து நடக்கிறது, நாலு நாள், உலகத்தில் உள்ள போர்டு கேம் எல்லாம் அங்கே வரும் என்று நாலு பேரும் சேர்ந்து உண்டியல் போட்டீர்கள். இப்போது நீ இருக்கிற டுசல்டார்ஃபிலிருந்து ரயிலில் அரை மணிதானாம். ஊர் ஊராக ரயில் மாறிப் போய்ப் பார்ப்பேன் என்றவன், அரை மணி தூரத்தில் இருந்துகொண்டு போனேன் என்றும் சொல்லவில்லை, போகவில்லை என்றும் சொல்லவில்லை. தனியாகப் போயிருந்தால் பரவாயில்லை. போகாமல் அறையிலேயே இருந்திருப்பாயோ என்றுதான் அம்மா கவலைப்படுகிறாள். சாப்பாட்டை நேரத்துக்குச் சாப்பிடு. முழித்திருக்காதே.

நம் தெருவிலிருந்து அவ்வளவு தூரம் போய் வேலை பார்க்கிறவன் நீ ஒருத்தன்தான். போஸ்ட்மேனிடம்கூடச் சொல்லியாகிவிட்டது. அது வேறு.

இந்த ஆட்டத்தைச் செய்த பெல்ஜியத்துக்காரர் பிலிப் கெயார்ட்ஸ் 1999லேயே வின்சி என்று ஒன்று செய்தவர், அதையே பூதங்களை வைத்து மாற்றி 2009ல் இதாகக் கொண்டுவந்தார் என்று நீதான் திண்ணையில் சொன்னாய். நெட்டையன் உடனே, "டேய், நாமகூட ஒண்ணு போட்டோமேடா, பத்தாவதுல, சார்ட்டுல" என்றான். அம்மா என்னைப் பார்த்துவிட்டு எழுந்து உள்ளே போனாள். இந்தத் தடவை பெட்டியை வைத்துவிட்டு அவன் மறுபடி கேட்டான், "அந்த சார்ட்டு எங்கயாவது கிடக்குதா மாமா?" இல்லை என்றேன்.

தம்பி, அந்த சார்ட்டை அம்மா பழைய பேப்பர்காரனுக்குப் போடவில்லை. நான்தான் வெந்நீர் அடுப்பில் வைத்தேன். அரையாண்டில் கணக்கில் 41 வாங்கிக்கொண்டு வந்தாய். ராத்திரி பார்த்தால் பாய்க்கு அடியில் நாலு சார்ட்டை ஒட்டி ஒரு நாடே வரைந்து வைத்திருந்தீர்கள். ஆறு, பாலம், பேய்க்கோட்டை. அம்மாவின் தையல் டப்பாவிலிருந்து எடுத்த பொத்தான்கள் சிப்பாய்கள். நன்றாக இருந்தது. நன்றாக இருக்கிறது என்று எனக்கு அப்போதே தெரிந்தது, அதனால்தான் இன்னும் கோபம். காலையில் எங்கே என்று நீ கேட்டபோது "உங்கம்மாவைக் கேள்" என்றேன். அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. ஒன்பது நாள் நீ அவளோடு பேசவில்லை, எண்ணினேன். நெட்டையனை வாசலோடு திருப்பி அனுப்பினவனும் நானே. அவன் மறுநாளும் வந்தான்.

பத்தொன்பது வருஷம் ஆயிற்று. அம்மா ஒருநாளும் சொல்லிக்காட்டவில்லை. சொல்லியிருந்தால் நானும் சண்டை போட்டுவிட்டு மறந்திருப்பேன். இதைப் படித்ததும் முதலில் அவளுக்குப் போன் செய். என்னிடம் அப்புறம் பேசலாம், இல்லையென்றால் வேண்டாம்.

பொத்தான்கள் டப்பாவிலேயே இருக்கின்றன. எரிப்பதற்கு முன் பொறுக்கி வைத்தேன், 62.

முகூர்த்தம் தை 11, புதன்கிழமை. லீவு கிடைக்குமா என்று நான் கேட்கவில்லை. அந்த டிராகன் உன் பெட்டியில், சட்டைப்பைகளில், மடிக்கணினிப் பையின் சின்ன உறையில் எங்காவது இருக்கிறதா என்று பார். பிறகு நெட்டையனிடம் கேட்டேன். "அவன்கிட்டதான் இருக்கும் மாமா" என்று மட்டும் சொன்னான்.

அப்பா