அலுமினியத்துக்கும் ஒரு வரி எழுதுங்கள்: பந்தயத் தொழில்நுட்பக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தொழில்நுட்பக் குழுவினருக்கு,

வணக்கம். போன சுற்றின் ஸ்க்ரூட்டினியில் (பந்தயத்துக்கு முந்தைய வண்டிப் பரிசோதனையில்), ரோல் கேஜைக் (வண்டி உருண்டால் ஓட்டுநரைக் காக்கும் குழாய்க் கூண்டைக்) காரணம் காட்டித் திருப்பி அனுப்பப்பட்ட மஞ்சள் லோட்டஸ் எலிஸ் கார் என்னுடையதுதான். நடந்தது உங்கள் எல்லோருக்கும் தெரியும் என்பதால் கதையை முதலிலிருந்து ஆரம்பிக்கவில்லை. படிவத்தில் எழுதப்பட்ட காரணம் ஒரே வரி: "கேஜின் அடித்தகடுகள் பாடியோடு வெல்டு செய்யப்படவில்லை." உண்மைதான், செய்யவில்லை. செய்யவும் கூடாது. அதைச் சொல்லத்தான் இந்த மடல்.

நான் கேட்பது ஒன்றே ஒன்று. அலுமினியச் சேஸி உள்ள வண்டியில் கேஜை எப்படிப் பொருத்தினால் ஏற்பீர்கள் என்பதை விதிப்புத்தகத்தில் எழுத்தில் போடுங்கள். நாங்கள் டிரில்லைக் கையில் எடுப்பதற்கு முன்னால் போடுங்கள்.

அன்று காலை நடந்ததை மட்டும் கொஞ்சம் சொல்கிறேன். என் வண்டியைப் பார்த்த பரிசோதகர் ஐயா பொறுமையான மனிதர், அவர்மேல் எனக்கு வருத்தம் இல்லை. சட்டைப் பையிலிருந்து சின்னக் காந்தம் ஒன்றை எடுத்து மெயின் ஹூப்பில், அதாவது இருக்கைக்குப் பின்னால் வளைந்து நிற்கும் கேஜின் முக்கியக் குழாயில், வைத்தார். டப்பென்று ஒட்டிக்கொண்டது. குழாயை அளந்தார், 45 மி.மீ. சுவர்க் கனம் 2.5 மி.மீ. தலையை ஆட்டினார். அப்புறம் குனிந்து, கதவுக்குக் கீழே ஓடும் பக்கச் சட்டத்தில் காந்தத்தை வைத்தார். அது வழுக்கித் தரையில் விழுந்தது. எடுத்துச் சட்டையில் துடைத்துவிட்டு மறுபடி வைத்தார். மறுபடியும் விழுந்தது. "அலுமினியம் ஐயா" என்றேன். "தெரியுது" என்றார். பேனாவைத் திறந்து, "வெல்டிங் இல்லை" என்று எழுதினார்.

அலுமினியம் என்று தெரிகிறது, இரும்புத் தகட்டை அதில் வெல்டு செய்ய முடியாது என்பதும் தெரிகிறது, ஆனாலும் வெல்டிங் இல்லை என்றுதான் எழுத வேண்டியிருக்கிறது. கேட்டால், "புத்தகத்தில் அப்படித்தான் இருக்கு, நான் என்ன செய்ய?" என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. ஆகவே புத்தகத்தை எழுதியவர்களிடம் வருகிறேன்.

இரும்பையும் அலுமினியத்தையும் சாதாரண வெல்டிங்கில் ஒன்றாக உருக்கினால், நடுவில் கண்ணாடி மாதிரி நொறுங்கும் ஒரு கலவைதான் கிடைக்கும். இரும்பு உருக சுமார் 1,500 டிகிரி வேண்டும், அலுமினியமோ 660-லேயே ஓடிவிடும். சரி, அலுமினியத் தகட்டைச் சேஸியில் வெல்டு செய்து, அதன்மேல் கேஜை போல்ட் போடுங்கள் என்று குழுவைச் சேர்ந்த இன்னொருவர் யோசனை சொன்னார். நல்லெண்ணத்தில்தான் சொன்னார். ஆனால் இந்த வகைச் சட்டங்களுக்குப் பலம் வருவதே, 160 முதல் 180 டிகிரி வரையிலான சூட்டில் மணிக்கணக்கில் பதப்படுத்துவதால்தான். வெல்டிங் சூடு அந்தப் பதத்தைக் கலைத்துவிடும். தையலை ஒட்டிய பகுதி தன் பலத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இழக்கலாம். போதாததற்கு, எலிஸின் சேஸி வெல்டு செய்து கட்டியதே அல்ல. எக்ஸ்ட்ரூஷன் சட்டங்களை (அச்சின் வழியே பிதுக்கிச் செய்த அலுமினியச் சட்டங்களை) எபாக்ஸிப் பசையால் ஒட்டி, ஒட்டு உரிந்துவிடாமல் இருக்க அங்கங்கே திருகு போட்டுச் செய்தது. முழுச் சேஸியும் சேர்ந்து சுமார் 68 கிலோதான். நீங்கள் வெல்டு செய்யச் சொல்லும் இடத்திலிருந்து ஒரு சாண் தூரத்தில் அந்தப் பசைக்கோடு ஓடுகிறது. அந்தப் பசை 200 டிகிரிக்கு வெகு முன்பாகவே இளகிவிடும்.

அதாவது, உங்கள் விதியை அப்படியே கடைப்பிடித்தால் என் வண்டி ஸ்க்ரூட்டினியில் தேறும், உருண்டால் பக்கவாட்டில் பிளந்துகொள்ளும். கடைப்பிடிக்காவிட்டால் உருண்டாலும் தாங்கும், ஆனால் உருள்வதற்கு டிராக்கில் விடமாட்டீர்கள்.

வேறொருவர், "கேஜையே அலுமினியக் குழாயில் செய்துவிடுங்களேன், பிரச்சினை தீர்ந்தது" என்றார். தீராது ஐயா. கேஜ் குழாய் தையலில்லாத, குளிர்நிலையில் இழுத்த கார்பன் ஸ்டீலாகத்தான் இருக்க வேண்டும் என்று உங்கள் புத்தகத்தின் முந்தைய பக்கத்திலேயே இருக்கிறது. அது சரியான விதி, அதில் கை வைக்காதீர்கள்.

வண்டியைச் செய்தவர்களே இந்தச் சிக்கலை எப்படிச் சமாளித்தார்கள் என்று பாருங்கள். முதல் தலைமுறை எலிஸில் எஞ்சினுக்குப் பின்னால் இருக்கும் சப்ஃப்ரேம் (சேஸியோடு சேரும் துணைச் சட்டகம்) இரும்பு, துத்தநாகப் பூச்சுப் பூசியது. இருக்கைக்குப் பின்னாலிருக்கும் ரோல் ஹூப்பும் இரும்பு. பின்சக்கரங்களின் விசையெல்லாம் அந்தச் சப்ஃப்ரேம் வழியாகத்தான் அலுமினியத்துக்குள் இறங்குகிறது. இரண்டுமே போல்ட்டில் நிற்கின்றன. இரும்பையும் அலுமினியத்தையும் சேர்த்து ஒரு பொட்டு வெல்டிங் கூடக் கிடையாது.

இனி அந்தத் துளைகளுக்கு வருகிறேன். எனக்கு உண்மையில் வலிப்பது அதுதான்.

கேஜுக்கு ஆறு கால்கள். பின்தாங்கிகள் (மெயின் ஹூப்பைப் பின்னாலிருந்து தாங்கும் குழாய்கள்) இரண்டும் இரும்புச் சப்ஃப்ரேமில் நிற்கின்றன, அவற்றைப் பற்றிப் பேச்சில்லை. மற்ற நான்கு கால்களும் அலுமினியத்தில். காலுக்கு மூன்று போல்ட், ஆகப் பன்னிரண்டு துளைகள். முதல் துளைக்கு நடுப்புள்ளி குத்திவிட்டு, டிரில்லைக் கையில் வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன் என்று எனக்கே தெரியவில்லை. இரும்புப் பாடியில் துளை தப்பினால் அடைத்து வெல்டு செய்து தேய்த்துவிடலாம். இதில் தப்பினால் தப்பினதுதான். என் நண்பர் டார்ச் பிடித்துக்கொண்டு, "போடறதுன்னா போடு, இல்லேன்னா எந்திரிச்சுப் போய்த் தூங்கு" என்றார். போட்டேன்.

சட்டம் உள்ளே வெற்றுக் கூடு. போல்ட்டை அப்படியே முறுக்கினால் கூடு நசுங்கும். ஆகவே ஒவ்வொரு துளைக்கும் அளவாக ஒரு குறுங்குழாய் கடைந்து உள்ளே செருகினோம். போல்ட்டின் இறுக்கத்தைச் சட்டத்தின் சுவர் தாங்காமல் அந்தக் குழாய் தாங்கும். அப்புறம் ஒட்டுகிற வேலை. தகடு உட்காரும் இடத்தை லேசாகச் சுரண்டி, வெள்ளைத் துணியில் அசிட்டோன் தொட்டுத் துடைத்தோம். துணியில் சாம்பல் கறை வருவது நிற்கும்வரை துடைக்க வேண்டும். முதல் காலுக்கு மட்டும் பதினொரு துணி. சுரண்டிய அலுமினியத்தில் காற்றுப் பட்டதுமே ஆக்சைடு படிய ஆரம்பித்துவிடும் என்பதால் அதன்பின் டீ குடிக்கப் போவதற்கெல்லாம் நேரமில்லை. பசையில் பொடிக் கண்ணாடி மணிகளைக் கலந்தோம். தகட்டை அழுத்தும்போது பசை முழுக்கப் பிதுங்கி வெளியேறிவிடாமல் அவை இடைவெளி காக்கும், இரும்பும் அலுமினியமும் நேருக்கு நேர் தொடாமலும் பார்த்துக்கொள்ளும். தொட்டால் ஈரம் பட்ட இடத்தில் அரிப்பு ஆரம்பிக்கும், அரித்துப்போவது எப்போதும் அலுமினியம்தான். தகடு 3 மி.மீ. கனம், ஒவ்வொன்றும் 120 ச.செ.மீ.க்குக் குறையாமல். போல்ட் எல்லாம் 8.8 என்ற உறுதித் தரம். முறுக்கி முடித்ததும் ஒவ்வொரு நட்டின் மேலும் மஞ்சள் பெயின்ட்டில் ஒரு கோடு இழுத்தோம், தளர்ந்தால் கோடு விலகிக் காட்டிக்கொடுக்கும்.

இதையெல்லாம் திருட்டுத்தனமாகச் செய்யவில்லை. துளை போடுவதற்கு முன்பே, தகட்டுக்கு அட்டையில் வெட்டிய மாதிரியையும் வரைபடத்தையும் உங்கள் பரிசோதகர்களில் ஒருவரிடம் காட்டினேன். புரட்டிப் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு, செஞ்சு கொண்டு வாங்க" என்றார். எழுத்தில் கேட்டேன். "அதெல்லாம் எதுக்குங்க, நாங்கதானே பார்க்கப் போறோம்" என்றார். பார்க்க வந்தவர் வேறு ஒருவர். துளைகள் மட்டும் அங்கேயே இருக்கின்றன.

எனக்கு இன்னும் புரியாத ஒன்று உண்டு. 120 ச.செ.மீ., 3 மி.மீ., எம்8 (8 மி.மீ. போல்ட்), காலுக்கு மூன்று போல்ட் என்று உங்கள் புத்தகத்தில் இருக்கும் எண்கள் எல்லாம், உலக மோட்டார் பந்தய அமைப்பான எஃப்.ஐ.ஏ.வின் விதிகளில் இணைப்பு ஜே, பிரிவு 253-இல் இருப்பவைதான். அதில் தப்பில்லை, நல்ல இடத்திலிருந்து எடுத்திருக்கிறீர்கள். ஆனால் அதே பிரிவில், கேஜின் கால்களைப் பற்றிப் பேசும் பகுதியிலேயே, இன்னொரு பத்தியும் இருக்கிறது. பாடியோ சேஸியோ இரும்பு அல்லாததாக இருந்தால் கேஜுக்கும் அதற்கும் இடையே எந்த வெல்டிங்கும் கூடாது, வலுவூட்டும் தகட்டைப் பசையால் ஒட்ட மட்டுமே அனுமதி என்கிறது அது. நீங்கள் கட்டாயம் என்று சொல்வதை அங்கே கூடாது என்கிறார்கள். யாரோ படியெடுத்துக்கொண்டே வந்து, அந்தப் பத்தி வந்ததும் கை வலித்து நிறுத்திவிட்டார் போலிருக்கிறது.

அலுமினியக் கார் நேற்று முளைத்ததும் இல்லை. ஹோண்டா என்எஸ்எக்ஸ் 1990-இல் வந்தது. எலிஸ் 1996-இல், ஃபெராரி 360 1999-இல். இத்தனை காலத்தில் உங்கள் புத்தகம் பல பதிப்புகள் கண்டுவிட்டது. பந்தய எண்ணின் உயரம் எவ்வளவு, ஸ்பான்சர் ஸ்டிக்கர் கதவின் எந்த மூலையில், ஓவரால் காலரில் பெயரை எந்த எழுத்தில் தைப்பது என்பதற்கெல்லாம் படம் போட்டு விளக்கம் வந்துவிட்டது. படிவத்தை மூன்று நகல் எடுக்க வேண்டும் என்பது தடித்த எழுத்தில் இருக்கிறது. ஓட்டுநரின் தலைக்கு மேலே இருக்கும் குழாய் எதன்மேல் நிற்கிறது என்பதற்கு மட்டும் இடம் போதவில்லை. அன்றைக்கு எனக்கு அடுத்த வரிசையில் நின்ற இரும்பு வண்டியின் கேஜ் வெல்டிங்கைப் பார்த்தேன், காக்கை உட்கார்ந்து எழுந்துபோன மாதிரி இருந்தது. ஆனால் அது வெல்டிங். ஆகவே தேறிவிட்டது.

மன்னிக்கவும். அடுத்தவர் வண்டியைப் பற்றிப் பேச நான் வரவில்லை. அவர் பத்திரமாக ஓட்டி முடித்ததில் எனக்கும் சந்தோஷம்தான்.

உங்கள் பயமும் எனக்குத் தெரியாமல் இல்லை. வெல்டிங்கைக் கண்ணால் பார்க்கலாம், சந்தேகம் வந்தால் சாயம் ஊற்றி விரிசல் தேடலாம். பசைக்கு உள்ளே நடப்பதை யாரும் பார்க்க முடியாது. துணி சுத்தமாகும்வரை துடைத்தேன் என்று நான் சொல்வதை நீங்கள் ஏன் நம்ப வேண்டும்? நியாயமான கேள்வி, என்னிடம் கேட்டிருந்தால் அன்றைக்கே பதில் சொல்லியிருப்பேன். அதே நாள், அதே பசை, அதே உலோகத்தில் ஒட்டி வைத்த மாதிரித் துண்டுகள் நான்கு என்னிடம் இருக்கின்றன. எந்தச் சோதனைக்கூடத்தில் வேண்டுமானாலும் இழுத்துப் பாருங்கள். தவிர, பசை முழுக்க விட்டுப்போனால் கூட போல்ட்டும் தகடும் மட்டுமே சுமையைத் தாங்க வேண்டும் என்ற கணக்கில்தான் வரைபடமே போட்டிருக்கிறது. வண்டி எடையோடு 150 கிலோ சேர்த்து, அதைப் போல ஏழரை மடங்கு சுமையை மெயின் ஹூப்பின் தலையில் ஏற்றினால் 50 மி.மீ.க்கு மேல் வளையக் கூடாது என்று ஹோமோலகேஷனுக்கு (கேஜ் வடிவமைப்புக்கான அதிகாரபூர்வ அங்கீகாரத்துக்கு) கேட்கிறார்களே, அந்த அளவையே எடுத்துக்கொண்டேன். கணக்குத் தாள்களும் இருக்கின்றன. அன்று அவற்றையும் கையில்தான் வைத்திருந்தேன், யாரும் கேட்கவில்லை. ஒட்டிய தகடுகள் உள்ள வண்டிகளை ஆண்டுக்கு ஒருமுறை தனியாகப் பரிசோதிப்போம் என்றாலும், எங்கேனும் இடித்துக்கொண்டால் மறுபடி கொண்டுவந்து காட்ட வேண்டும் என்றாலும் சம்மதம்தான். எத்தனை கடுமையான விதியாக இருந்தாலும் பரவாயில்லை. அது எழுத்தில் இருக்க வேண்டும், ஆளுக்கு ஆள் மாறக் கூடாது.

ஆகவே பணிவோடு மறுபடியும் கேட்டுக்கொள்கிறேன்: இரும்பு அல்லாத சேஸிக்கு எது ஏற்கத்தக்கது என்று ஒரு வரி, முடிந்தால் ஒரு பத்தி, விதிப்புத்தகத்தில் சேருங்கள். அடுத்த பதிப்பு வரும்வரை காத்திருக்க முடியாது என்றால் சுற்றறிக்கையாகவாவது அனுப்புங்கள். பதில் "முடியாது" என்பதாக இருந்தாலும் அதையும் எழுத்திலேயே தாருங்கள். என்னைப் போலவே அலுமினிய வண்டியை வைத்துக்கொண்டு, கையில் டிரில்லோடு யோசித்துக்கொண்டிருக்கும் இன்னும் இரண்டு பேரை எனக்குத் தெரியும். துளை போடலாமா வேண்டாமா என்று என்னைத்தான் கேட்கிறார்கள். என்ன சொல்வது என்று தெரியாமல், பொறுங்கள் என்று மட்டும் சொல்லி வைத்திருக்கிறேன்.

அடுத்த சுற்றுக்குப் பெயர் கொடுக்கும் நாள் முடிவதற்குள் ஒரு பதில் வந்தால் நன்றியுடையவனாக இருப்பேன்.

இப்படிக்கு,
மஞ்சள் எலிஸின் ஓட்டுநர்

பி.கு.: பரிசோதகர் ஐயாவின் காந்தம் என் வண்டியிலேயே தங்கிவிட்டது. வீட்டுக்கு வந்து பார்த்தபோது இடது பின்தாங்கியில் ஒட்டிக்கொண்டிருந்தது. பத்திரமாக வைத்திருக்கிறேன், அடுத்த ஸ்க்ரூட்டினியில் அவர் கையிலேயே கொடுத்துவிடுகிறேன்.