ரெண்டாவதாய்ப் போ மக்கா

நாகர்கோவில்,
ஞாயிறு ராத்திரி

மக்கா,

நீ அனுப்பிய 11 நிமிட வாய்ஸ் நோட்டை முழுசாகக் கேட்டேன். ஊர் விசாரிப்பு ஒரு நிமிடம், உன் மேனேஜர் மேல் இருக்கும் கடுப்பு ரெண்டு நிமிடம், மிச்சம் 8 நிமிடமும் வைப்அவுட்டில், அதாவது பறக்கும் கப்பல்கள் ஒன்றையொன்று ஆயுதத்தால் அடித்துக்கொண்டு பந்தயம் ஓடும் அந்த வீடியோ கேமில், நீ ஆறாவதாய் வந்த கதை. ஷார்ஜாவில் குடும்பம் குட்டியோடு இருக்கிற ஒருத்தன் இப்படிப் புலம்புவதைக் கேட்டு என் வீட்டுக்காரி அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்து, "யாருக்கு என்ன ஆச்சு?" என்று கேட்டாள். ஏவுகணை தவறிப்போச்சு என்றேன். ஒன்றும் சொல்லாமல் திரும்பிவிட்டாள்.

ஊர்க்கதையை முதலில் முடித்துவிடுகிறேன். ஐப்பசி மழை நின்று பெய்கிறது, துணி காய மாட்டேன் என்கிறது. அம்மாவுக்கு முட்டுவலி கொஞ்சம் தேவலை. மட்டி வாழைப்பழத்துக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்ததே, அப்புறம் கடைக்காரர்களே அதைத் தனி மரியாதையோடு எடை போடுகிறார்கள். நாம் சின்ன வயசில் அதை எண்ணாமல் தின்றோம். நேந்திரங்காய் சிப்ஸ் ரெண்டு கிலோ உன் மச்சான் வரும்போது கொடுத்துவிடுகிறேன். அவ்வளவுதான்.

சரி, உன் ஏவுகணைக்கு வருவோம்.

நீ சொன்னதிலேயே உன் தப்பு இருக்கிறது. "ஆயுதம் கையில் வந்த உடனே அடிச்சிடுவேன், ஆனா யாருக்கும் படமாட்டேங்குது" என்கிறாய். வடசேரி பஸ் ஸ்டாண்டு பக்கத்துச் சந்தில், மணிக்கு 15 ரூபாய் கொடுத்து வைப்அவுட் 2097 விளையாடினோமே, அப்போதும் நீ இப்படித்தான். கீறல் விழுந்த சி.டி., சிமெண்ட் ஷீட் கூரை, ரெண்டு பேருக்கு ஒரு ஸ்டூல். பாதையில் ஆயுதம் தருகிற தளம் ஒன்றைத் தாண்டி ஆயுதம் ஏறினதுதான் தாமதம், உன் கட்டைவிரல் அழுத்திவிடும். முன்னால் ஆள் இருக்கிறானா, வளைவு இருக்கிறதா என்றெல்லாம் பார்க்க மாட்டாய். சுவருக்குத்தான் நீ அதிகம் சேதம் பண்ணியிருப்பாய்.

அந்த 2097 வந்தது 1996இல். அதில் அடிபட்டு சக்தி குறைந்தால் ஓரத்தில் இருக்கும் பிட் லேனுக்குள் நுழைந்து நிரப்பிக்கொள்ள வேண்டும். நேரம் போகும், ஆனால் உயிர் தப்பும். இப்போது நீ பிஎஸ்4இல் விளையாடுகிற ஓமேகா கலெக்‌ஷன் 2017இல் வந்தது. அதற்குள் இருப்பது 2008இல் வந்த வைப்அவுட் எச்.டி.யும், அதன் கூடுதல் பாகமான ஃபியூரியும், வைப்அவுட் 2048உம். இதில் எச்.டி.யில் பிட் லேன் கிடையாது. அதற்குப் பதில் என்ன வைத்திருக்கிறார்கள் தெரியுமா? கையில் இருக்கும் ஆயுதத்தைச் சுடாமல் விழுங்கிவிடலாம். சதுரப் பொத்தான் சுடும், வட்டப் பொத்தான் விழுங்கும். விழுங்கினால் அந்த ஆயுதம் உன் கப்பலுக்குச் சக்தியாக ஏறும். எட்டு நிமிடப் புலம்பலில் வட்டப் பொத்தான் ஒரு தடவைகூட வரவில்லை மக்கா. எண்ணிக்கொண்டுதான் கேட்டேன்.

இதை எனக்குக் கற்றுக்கொடுத்தது என் மூத்தவள். 12 வயசு. திரையை ரெண்டாகப் பிரித்து அவளும் நானும் ஓடினால் பாதிக்கு மேல் அவள்தான் ஜெயிக்கிறாள். சுடுவதே குறைவு. நான் அடித்த அடியெல்லாம் வாங்கிக்கொண்டு, அடுத்த தளத்தில் கிடைத்ததை விழுங்கி, ஒன்றுமே நடக்காத மாதிரி முன்னால் போய்க்கொண்டிருப்பாள். ஒரு நாள் கேட்டேன், "அவ்வளவு நல்ல பிளாஸ்மா கிடைச்சுதே, ஏன் பிள்ளே அடிக்கல?" "நீங்க வளைவுக்குள்ள போயிட்டீங்க, பட்டிருக்காது. அதான் தின்னுட்டேன்." மறுபடி யோசித்துப் பார்த்தால் இதற்கு மேல் இந்த விளையாட்டில் சொல்ல அதிகம் இல்லை.

உதயகிரிக் கோட்டைக்கு கிளாசைக் கட்டடித்துவிட்டுப் போவோமே, ஞாபகம் இருக்கிறதா? அங்கே டிலனாய் கல்லறைப் பக்கம் நிழலில் படுத்துத் தூங்குவாய். 1741இல் குளச்சலில் டச்சுக்காரன் தோற்றபோது பிடிபட்ட ஆள். திருவிதாங்கூர் ராஜா மார்த்தாண்ட வர்மா அவரைத் தீர்த்துக்கட்டவில்லை, தன் படைக்கே பயிற்சி கொடுக்க வைத்துக்கொண்டார். எதிரி கையிலிருந்து வந்ததை எறியாமல் தனக்குள் சேர்த்துக்கொண்டார். வட்டப் பொத்தான் என்றால் எனக்கு இப்போதெல்லாம் அந்தக் கல்லறைதான் நினைவுக்கு வருகிறது. அதன் பக்கத்தில் நீ குறட்டை விட்டதும்.

ஆனால் எப்போதும் விழுங்கிக்கொண்டே இருந்தால் யாரையும் முந்த முடியாது. எப்போது அடிப்பது என்பதுதான் உன் கேள்வி.

போன மாதம் ஆரல்வாய்மொழி வழியாக பைக்கில் வந்தேன். அந்தக் கணவாய்க் காற்று உனக்குத் தெரியும், காற்றாலைகளைச் சுற்றவிட்ட அதே காற்று. முன்னால் ஒரு கண்டெய்னர் லாரி. அதன் மறைவில் இருக்கும்வரை ஒன்றும் தெரியாது. முந்துவதற்காக வெளியே தலையை நீட்டின நொடியில் பக்கவாட்டில் ஒரு அறை விழுந்தது பார், வண்டி ரெண்டு அடி நகர்ந்துவிட்டது. நேராய் ஓடும்போது அதே காற்று என்னை ஒன்றும் செய்யவில்லை. லாரியை விட்டு வெளியே வந்து, கை இன்னும் நிலைப்படாத அந்தக் கண நேரத்தில்தான் அது என்னைப் பிடித்தது.

கேமிலும் அப்படித்தான். எதிராளி எப்போது நிலையில்லாமல் இருப்பான்? குதித்து இறங்கும்போது. வளைவில் திருப்ப உதவும் ஏர்பிரேக்கை அழுத்தி வளைவை விட்டு வெளியே வரும்போது. சுவரை உரசிவிட்டு நேராக்கிக்கொள்ளும்போது. அந்த நேரத்தில் சாதாரண ராக்கெட் பட்டாலே போதும், சேதம் குறைவாக இருந்தாலும் ஓட்டம் கெட்டுவிடும். வேகம் போனால் திரும்ப ஏற நேரம் ஆகும், அந்த இடைவெளியில்தான் நீ முந்துவாய். சேதத்தைவிடத் தடுமாற்றம்தான் லாபம்.

ஒவ்வொரு ஆயுதத்துக்கும் ஒரு குணம் இருக்கிறது. ராக்கெட் மூன்று ஒன்றாகப் போகும், குறி தேடாது, போகப் போக விரியும். அதனால் தூரத்திலிருந்து அடித்தால் ஆளுக்கு ரெண்டு பக்கமும் போய்விடும். வால் தெரியும் தூரத்துக்கு வந்து அடி, இல்லையென்றால் குகைப்பாதைக்குள் நுழைந்த பிறகு அடி. ஏவுகணை குறி பூட்டும், ஆனால் அதற்கும் நேர்பாதை வேண்டும். வளைவுக்கு முன்னால் விட்டால் சுவரில் போய் முட்டும், உனக்கு நடந்தது அதுதான். பிளாஸ்மா பொத்தானை அழுத்தின உடனே கிளம்பாது, கொஞ்ச நேரம் திரண்டுவிட்டுத்தான் கிளம்பும். அதற்குள் நீயும் அவனும் எங்கே இருப்பீர்கள் என்று முன்கூட்டியே கணக்குப் போட வேண்டும். பட்டால் பெரிய அடி. நான் பத்துக்கு எட்டு தடவை அதை விழுங்கிவிடுகிறேன், வெட்கமில்லாமல் சொல்கிறேன். கேனன் சின்னக் குண்டுகளாகப் பொழியும், கொசுக்கடி மாதிரி. முன்னால் போகிறவனுக்கு ஏற்கெனவே சக்தி குறைந்திருந்தால் அதுவே போதும்.

குவேக் தனி ரகம். பாதையே அலை மாதிரி எழும்பி முன்னால் ஓடும், இடமோ வலமோ ஒதுங்கித் தப்ப முடியாது. முதலிடத்தில் இருக்கும்போது அது கிடைத்தால் ஒரு பிரயோசனமும் இல்லை. நாலாவதாய், அஞ்சாவதாய், முன்னால் கூட்டமாகப் போகும்போது விட்டுப் பார். முதன்முதலில் 2097இல் அதைப் பார்த்தபோது நீ ஸ்டூலைத் தள்ளிவிட்டு எழுந்து நின்றாய். கடைக்கார அண்ணன் அதற்குத் தனியாக 2 ரூபாய் கேட்டார்.

கண்ணிவெடியைப் பற்றி மட்டும் கொஞ்சம் நிறுத்திச் சொல்கிறேன். அகலமான நேர்பாதையில் போட்டுவிட்டுப் போவது வீண், ஆள் ஒதுங்கிப் போய்விடுவான். வேகத்தளம் இருக்கிறதே, எல்லோரும் ஆசைப்பட்டு ஏறுகிற இடம், அதைத் தாண்டின உடனே போடு. இல்லையென்றால் வளைவை விட்டு வெளியேறும் உள் ஓரத்தில். பின்னால் வருகிறவன் ஏறியே ஆக வேண்டிய இடமாக இருக்கணும். மார்த்தாண்டத்தில் மேம்பாலம் கட்டுவதற்கு முன்னால் நம்ம பஸ் டிரைவர்கள் சந்தை நாளில் எந்தச் சந்து வழியாக ஒதுங்குவார்கள் என்று கண்டக்டருக்கே தெரியுமே, அதே மாதிரி எதிராளி போகும் வழியைப் பத்து சுற்று பார்த்தால் உனக்கும் தெரியும்.

இப்போது நீ ஒத்துக்கொள்ளாத ஒன்றைச் சொல்லப்போகிறேன். முதலாவதாய் ஓடாதே. கடைசிச் சுற்று வரைக்கும் ரெண்டாவதாய்ப் போ. முதலில் போகிறவனுக்குக் கிடைக்கும் பாதி ஆயுதம் பயனில்லை, முன்னால் அடிக்க ஆளே இல்லையே. அவனுக்கு உதவுவது பின்னால் போடுகிற கண்ணியும் குண்டும், கவசமும் டர்போவும்தான். மிச்சத்தை விழுங்க வேண்டியதுதான். ஆனால் பின்னால் இருக்கும் ஏழு பேருக்கும் அவன்தான் குறி. ரெண்டாவதாய்ப் போனால் அடிக்க ஒருத்தன் கண்ணுக்கு முன்னால் இருக்கிறான், அவனுக்கு விழுகிற அடியில் அவன் விட்ட இடமும் உனக்குக் கிடைக்கும். இது கேமின் நடுத்தர வேகங்களான ஃபிளாஷ், ரேப்பியருக்குச் சரியாக வரும். எல்லாவற்றிலும் வேகமான ஃபேண்டத்தில் வேறு கதை. அந்த வேகத்தில் நான் யாரையும் அடிப்பதில்லை, சுவரில் மோதாமல் வந்தாலே மூன்றாவது இடம் கிடைக்கும். என் மூத்தவள் இதையும் ஒத்துக்கொள்ளவில்லை. "முன்னால போனா முன்னால போகணும்" என்கிறாள். அவள் பேச்சுக்கு என்னிடம் பதில் இல்லை, அவள் ஜெயிக்கிறாளே.

இன்னொன்று. எட்டாவதாய் வருகிற ஆளை வெடிக்க வைத்துவிட்டு நீ சந்தோஷப்பட்டாயே, அதில் உனக்கு என்ன கிடைத்தது? அவன் உன்னைத் துரத்தவே இல்லை. டோர்னமெண்டில் புள்ளியில் உனக்கு மேலே ஒட்டி நிற்பவன் யாரோ, அவன் மேல் கண் வை. மற்றவர்களுக்குச் செலவழிக்காதே. வெப்ராளத்தில், ஆத்திரத்தில் அடித்த அடி எதுவும் உனக்குப் புள்ளி வாங்கித் தராது.

கப்பலையும் மாற்றிப் பார். ட்ரையாக்கிஸ் கவசம் கெட்டி என்று எடுத்தாய், சரி. ஆனால் அதைத் திருப்புவதற்குள் வளைவு முடிந்துவிடுகிறது. கொஞ்ச நாள் ஃபைசரில் ஓடு. வேகம் குறைவுதான், சொன்னபடி கேட்கும். சுவரில் உரசாமல் ஓடத் தெரிந்தால் அந்தக் கெட்டிக் கவசமே வேண்டாம். அப்புறம் குதிக்கும்போது ஸ்டிக்கை இடது, வலது, மறுபடி இடது என்று ஆட்டினால் கப்பல் ஒரு குட்டிக்கரணம் போட்டு வேகம் தரும். அதற்குச் சக்தியில் ஒரு பங்கு போகும், அதனால் அடிபட்டுக் கிடக்கும்போது செய்யாதே. நான் செய்து கடைசிச் சுற்றில் வெடித்திருக்கிறேன்.

உன் மகன் ஸ்விட்சில் எஃப்-ஸீரோ 99 விளையாடுகிறான் என்றாயே, அவனிடம் கேள். அதில் துப்பாக்கியே கிடையாது, 99 பேர் ஓடுகிறார்கள், வண்டியையே சுழற்றி இடிப்பதுதான் ஆயுதம். வேகம் கூட்ட எடுக்கிற சக்தியும் உயிருக்கான சக்தியும் ஒரே பட்டை. வேகமாய்ப் போகப் போக நீயே உன்னை நோஞ்சானாக்கிக்கொள்கிறாய். அந்தத் தொடரில் 1998இல் வந்ததில் 30 வண்டி ஒன்றாக ஓடும், இடித்துத் தள்ளிப் பக்கவாட்டில் பள்ளத்தில் விழவைக்கலாம். உனக்கு அது ரொம்பப் பொருந்தும், உன் குணமே அதுதானே.

வைனெட்டா கே பாதையில் கடலுக்குள் ஒரு கண்ணாடிக் குகை வருமே, அதற்குள் போகும்போதெல்லாம் எனக்கு முட்டம் கடற்கரை ஞாபகம். அந்த இடத்தில் மட்டும் நான் யாரையும் அடிப்பதில்லை. தோற்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

சவேரியார் கோயில் திருவிழாவுக்கு வருகிறாயா? டிசம்பர் 3 முடிகிறது, அதற்கு ரெண்டு நாள் முன்னாடியாவது வா. வரும்போது அங்கிருந்து ஒரு கண்ட்ரோலர் வாங்கிக்கொண்டு வா. என்னுடையதில் போன வாரம் நானே சாயாவைக் கொட்டிவிட்டேன், இடது ஸ்டிக் தானாக ஒரு பக்கம் இழுக்கிறது. நேற்று 3 தடவை தோற்றதற்கு அதுதான் காரணம் என்று சொன்னேன். பிள்ளை கண்ட்ரோலரை மாற்றிக்கொண்டு நாலாவது தடவையும் ஜெயித்துவிட்டாள்.

உன்
கூட்டுக்காரன்