பிரசுரமானது மூன்றாம் வரைவின் பக்கம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் வார இதழின் இளையோர் பகுதியில் எமது சித்திரக்கதையிலிருந்து ஒரு பக்கத்தைப் பிரசுரித்தமைக்கு முதலில் நன்றி. அடுத்த வாரமே அதைக் கண்டித்து வாசகர் ஒருவர் எழுதிய கடிதத்தையும் பிரசுரித்திருந்தீர்கள். அதற்கும் நன்றிதான் சொல்ல வேண்டும். ஆறேழு ஆண்டுகளாக மூன்று பேர் மட்டும் ஒரு மேசையைச் சுற்றியிருந்து பேசிவந்த விடயத்தை வெளியாள் ஒருவர் பொருட்படுத்தி வாசித்திருக்கிறார் என்பதே எமக்குப் பெரிய காரியம். அவர் சொன்னவை இரண்டு. சூப்பர் ஹீரோ என்பதே அமெரிக்கச் சரக்கு, அதற்கு எமது உடுப்பைப் போட்டுவிட்டால் அது யாழ்ப்பாணத்துக் கதையாகிவிடாது என்பது ஒன்று. பெண்ணொருத்தி கிணற்றுக்குள் தலைகீழாகப் பாயும் படத்தைப் பார்த்துவிட்டுப் பிள்ளைகளும் பாய்ந்தால் யார் பொறுப்பு என்பது மற்றையது.

இரண்டாவது விடயத்தில் அவர் சொன்னது முழுக்கச் சரி, பிழை என்னுடையது. பிரசுரமானது மூன்றாம் வரைவின் பக்கம். கணினியில் ஒரே பெயரில் கிடந்த கோப்புகளுக்குள் பழையதை நான்தான் மாறி அனுப்பிவிட்டேன். இப்போது அச்சுக்குக் கொடுக்கவிருக்கும் ஆறாம் வரைவில் எமது கதாநாயகி பவளம் எந்தக் கிணற்றிலும் பாய்வதில்லை. ஏன் அப்படி மாறினாள் என்று சொல்லப் புறப்பட்டால் முதலாவது குற்றச்சாட்டுக்கும் அதற்குள்ளேயே பதில் கிடைக்கும் என்பதால் சற்று விரிவாக எழுதுகின்றேன்.

நான் ஓய்வுபெற்ற சித்திர ஆசிரியர். படம் வரைபவர் என் மருமகள், அதாவது அக்காவின் மகள். கதை எழுதுபவர் அவரோடு படித்த இளைஞர். முதல் வரைவில் பவளம் கதாநாயகியே அல்ல. மின்னல் தாக்கிய பல்கலைக்கழக மாணவன் ஒருவன், முதுகில் சால்வை பறக்க, பெயரில்லாத ஒரு நகரத்தின் கோபுரங்களுக்கு மேலால் பறந்து, கடலிலிருந்து எழும்பி வரும் உப்பரக்கன் ஒருவனோடு அறுபத்துநான்கு பக்கமும் சண்டை பிடித்தான். பவளம் மூன்று இடங்களில் வந்து, மூன்று இடங்களிலும் அவனால் காப்பாற்றப்பட்டாள். அந்த வீரனுக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் ‘இடியன்’. முதற் பக்கத்தைக் காட்டியதும் பல காலம் வன்னியில் இருந்து வந்த என் அக்கா விழுந்து விழுந்து சிரித்தார். “துவக்கின்ரை பேரையோ பிள்ளைக்கு வைச்சிருக்கிறியள்?” வேட்டைக்குக் கொண்டுபோகும் நாட்டுத் துவக்கை அந்தப் பக்கத்தில் இடியன் என்றுதான் சொல்வார்கள் என்பது யாழ்ப்பாணத்தை விட்டு வெளியே வாழ்ந்திராத அந்த இருவருக்கும் தெரியாது. பெயர் அன்றைக்கே போயிற்று. வாசகரின் கடிதம் அந்த நாளில் வந்திருந்தால் அதன் ஒரு சொல்லையும் என்னால் மறுத்திருக்க முடியாது.

ஆனால் முதல் வரைவு இப்படித்தான் இருக்கும் என்பதை அவர் அறிந்திருக்கலாம். இன்று உலகம் முழுவதும் தெரிந்த சூப்பர்மேனை உருவாக்கிய ஜெரி சீகலும் ஜோ ஷுஸ்டரும் 1933இல் அந்தப் பெயரில் முதலில் படைத்தது மொட்டைத்தலை வில்லன் ஒருவனை. ஐந்து ஆண்டுகள் கழித்து 1938இல் அச்சில் வந்தவன்தான் நல்லவன், அவனுக்கும் அப்போது பறக்கத் தெரியாது, எட்டிப் பாயத்தான் தெரியும். சிவகாசியின் முத்து காமிக்ஸ் 1972இல் தொடங்கியபோது முதலிதழில் வந்த இரும்புக்கை மாயாவியை என் வயதினர் மறந்திருக்க மாட்டார்கள். பிரித்தானிய மூலத்தில் அந்த மனிதரும் தமது சக்தியைத் தீய வழியில் பயன்படுத்துபவராகவே தொடங்கிப் பிறகுதான் திருந்தி நல்ல பக்கம் வந்தார்.

எமது இரண்டாம் வரைவில் பெயரில்லா நகரம் யாழ்ப்பாணமாயிற்று. அதோடுதான் உண்மையான தொல்லை தொடங்கியது. கதை எழுதும் தம்பி, ஊரின் பெரிய துயரத்தை வைத்தே வீரனை அறிமுகப்படுத்த வேண்டும் என்று, 1981ஆம் ஆண்டின் ஓர் இரவுக்கு அவனைக் கொண்டுபோய், பொது நூலகத்துக்கு வைத்த தீயை அவன் அணைப்பதாக நான்கு பக்கம் எழுதினார். மருமகளும் மிக அழகாக வரைந்திருந்தார். புகைக்குள் குவிமாடம் தெரியும் அந்தப் படத்தை இப்போதும் வீட்டுச் சுவரில் மாட்டி வைத்திருக்கிறோம். எங்கள் அயலில் வசிக்கும் முதியவர் ஒருவர், அந்த நூலகத்தில் நாள்தோறும் இருந்து வாசித்தவர், நான்கு பக்கத்தையும் பார்த்தார். திரும்ப முதற் பக்கத்துக்குப் போனார். பிறகு கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுக் கேட்டார்: “தம்பி, இவர் அணைச்சவரெண்டால், அண்டைக்கு எரிஞ்சது என்ன?”

ஒருவருக்கும் பேச்சு வரவில்லை. ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலான ஊரில், அவை எரியவில்லை என்று படம் போட எமக்கு என்ன உரிமை? அணைக்காமல் விட்டான் என்றாலோ, சக்தி இருந்தும் சும்மா இருந்தவனை வீரன் என்று எப்படிச் சொல்வது? அமெரிக்கக் கதைக்காரர்களுக்கும் இந்தச் சிக்கல் ஒருமுறை வந்திருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் சூப்பர்மேன் போய் ஒரே நாளில் போரை முடித்துவிட்டால் உண்மையில் அங்கே செத்துக்கொண்டிருக்கும் சிப்பாய்களுக்கு என்ன மரியாதை என்று யோசித்து, 1942இல் பத்திரிகைப் படத்தொடரில், இராணுவத்தில் சேரப் போன கிளார்க் கென்ட் கண் பரிசோதனையின்போது சுவரை ஊடுருவும் பார்வையால் பக்கத்து அறையின் அட்டையைப் படித்துவிட்டுத் தோற்றுப்போவதாக எழுதினார்கள். கெட்டித்தனமான வழிதான். ஆனால் அது போர்க்களம் கடலுக்கு அப்பால் இருந்தவர்களின் தீர்வு. போர் முற்றத்துக்கே வந்த ஊரில் அது ஒரு பகிடியாகக்கூட நிற்காது.

அதன்பின் எட்டு மாதம் ஒருவரும் அந்தக் கோப்பைத் திறக்கவில்லை. ‘அப்போது நீ எங்கே இருந்தாய்’ என்ற கேள்விக்குப் பதில் சொல்லக்கூடிய ஒரு சக்தியைத் தேட வேண்டியிருந்தது. அதாவது எல்லை உள்ள சக்தி, எல்லைக்குக் காரணமும் உள்ள சக்தி. அது கிடைத்தது எல்லோருக்கும் தெரிந்த பழங்கதை ஒன்றில். நிலாவரைக் கிணற்றில் போட்ட தேசிக்காய் கடலோரத்துக் கீரிமலையில் மிதந்ததாம் என்று கேட்டுத்தானே நாமெல்லாம் வளர்ந்தோம்? இந்தக் கிணறுகள் இருக்கும் யாழ்ப்பாணத்து வலிகாமப் பகுதியின் நிலம் சுண்ணாம்புக்கல். மழைநீர் அதன் வெடிப்புகளுக்குள்ளால் இறங்கி, கீழே கிடக்கும் உவர்நீரின் மேல் படலமாக மிதக்கிறது. நிலாவரையிலும் மேலே நன்னீர், ஆழம் போகப் போக உப்பு. ஒரு கிணற்றில் இறங்கி இன்னொரு கிணற்றில் ஏறக்கூடிய ஒருத்தி, ஆழம் தப்பினால் உப்பு அவளது பலத்தை எடுத்துவிடும் என்று வைத்தால் என்ன? இந்த யோசனை வந்ததும் மின்னல் மாணவன் கதையிலிருந்து தானாகவே வெளியேறினான். அதுவரை காப்பாற்றப்பட்டுக்கொண்டே இருந்த பவளம், கிணறு வெட்டுபவரின் மகள் என்று முதல் வரைவிலேயே பேச்சோடு பேச்சாக ஒரு வரியில் எழுதப்பட்டிருந்தவள், அந்த ஒரு வரியின் பலத்தில் முன்னுக்கு வந்தாள்.

அவளை 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு, போரினால் வலிகாமமே பெயர்ந்து தென்மராட்சிக்கு நடந்தபோது, நாவற்குழிப் பாலத்துக்கு இப்பால் மழைக்குள் பிறந்தவளாக ஆக்கினோம். முந்திய துயரங்களுக்கு அவள் பொறுப்பில்லை. வன்னியில் போர் முடிந்த 2009க்கு? அப்போது அவளுக்குப் பதின்மூன்று வயது. வன்னிக்குப் போகும் வழியான ஆனையிறவில் வந்து நின்று, உப்புக் கடல்நீரேரிக்குள் கையை விட்டு, அப்பால் போக வழியில்லாமல் கையை எடுக்கிறாள். அந்தக் கட்டத்தில் ஒரு சொல்லும் இல்லை. ஐந்து முறை வசனம் எழுதி ஐந்து முறையும் அழித்த இடம் அது.

முகமூடி போன கதையும் சொல்ல வேண்டும். இரகசிய அடையாளம் என்பது சூப்பர் ஹீரோக் கதையின் முதுகெலும்பு என்று தம்பி வாதாடினார். புதிதாக ஒருவரைக் கண்டால் “நீர் ஆற்றை பிள்ளை?” என்பதை முதற் கேள்வியாகக் கேட்கும் ஊரில், நடையைப் பார்த்தே தகப்பனைச் சொல்லிவிடும் ஆச்சிமார் இருக்கும் ஒழுங்கைகளில், முகமூடி எத்தனை நாளைக்குத் தாங்கும்? ஆகவே ஆறாம் வரைவில் ஊர் முழுவதற்கும் அவள் யார் என்று தெரியும். தெரியாததுபோல் எல்லோரும் நடந்துகொள்கிறார்கள். அதில் எமக்கு அனுபவம் குறைவில்லை. சால்வை, சப்பாத்து எல்லாம் போய் வீட்டில் போடும் பழைய பூச்சட்டையும் இடுப்பில் ஒரு கயிறுமே மிஞ்சின.

அந்தக் கயிறுதான் வாசகரின் இரண்டாவது கேள்விக்கு மறுமொழி. மூன்றாம் வரைவைப் பார்த்த தாயொருவரும் இதே பயத்தைத்தான் சொன்னார். பாய்வதை நிறுத்திவிட்டு எப்படி இறக்குவது என்று தெரியாமல் இருந்தபோது, மருமகள் வரைந்த ஒரு துலாவை, அதாவது கிணற்றில் நீர் இறைக்கும் ஏற்ற மரத்தை, திருத்தப் போனேன். மின்சார மோட்டர்க் காலத்தில் பிறந்த பிள்ளை, பாரக்கல்லை வாளி தொங்கும் பக்கத்தில் கட்டியிருந்தார். அது அடிப்பக்கத்தில் அல்லவா இருக்க வேண்டும் என்று விளக்க, பழைய தோட்டத்து இறைப்பையே முழுதாகச் சொல்ல வேண்டி வந்தது. துலாவில் ஏறி முன்னும் பின்னும் நடந்து மிதிக்க ஒருவர், கீழே நின்று பட்டை என்ற இறைகூடையைப் பிடித்து ஊற்ற ஒருவர், வாய்க்காலில் தண்ணீர் மாற இன்னொருவர். கேட்டுக்கொண்டிருந்த மருமகள், “அப்ப ஒராளாலை கிணத்திலை ஒண்டும் செய்யேலாதோ மாமா?” என்றார். அந்தக் கேள்வியோடு கதை திரும்பிவிட்டது. பவளம் இனிப் பாயமாட்டாள். இடுப்பில் துலாக்கொடி என்ற துலாக் கயிற்றைக் கட்டி, மேலே ஒருவர் பிடித்திருக்க, படி படியாக இறங்குவாள். பிடிக்க ஆளில்லாவிட்டால் அவளுக்குச் சக்தியே இல்லை.

மேலே நிற்பதற்கு ஓர் ஆள் தேவைப்பட்டதால் அண்ணன் பாத்திரம் பிறந்தது. அவன் வந்ததும் வில்லன் மாறினான். முதல் வரைவின் உப்பரக்கன் இரண்டாம் வரைவோடு போய்விட்டான். இடையில், சுன்னாகப் பக்கத்துக் கிணறுகளில் எண்ணெய் கலந்த செய்திகளால் கொதித்துப்போய் ஒரு தொழிற்சாலை முதலாளியை வில்லனாக வைத்தோம். கோட்டும் சுருட்டுமாக அவர் மிகவும் வசதியான கெட்டவர். அவரைப் பிடித்துக் கொடுத்ததும் கதை முடிந்தது, வாசிப்பவருக்கு வேலை இல்லை. இப்போது வில்லன் என்று தனியாக எவரும் இல்லை. அண்ணன் செம்பாட்டு மண்ணில் வெங்காயம் வைத்திருக்கிறான், கடன் இருக்கிறது, இரவும் பகலும் மோட்டர் போட்டு இறைக்கிறான், அவன் இறைக்க இறைக்கக் கீழே உப்பு மேலே வருகிறது. தங்கையின் உயிர்க் கயிற்றைப் பிடித்திருக்கும் அதே கைதான் அவளது பலத்தையும் குடிக்கிறது. நல்லவனாகவே இருந்துகொண்டு கெடுதல் செய்யும் இந்த ஆளை எழுதத் தம்பிக்கு ஒன்றரை வருடம் பிடித்தது.

நிறம் பற்றிச் சொல்ல அதிகமில்லை. மார்வெலின் ஹல்க் 1962இன் முதலிதழில் சாம்பல் நிறமாக இருந்து, அச்சகத்தில் அந்த நிறம் சீராக வராத காரணத்தால் அடுத்த இதழில் பச்சையானது போல, எமது பக்கங்களையும் கடைசியில் தீர்மானித்தது அச்சுத்தான். 2022ஆம் ஆண்டின் கடதாசித் தட்டுப்பாட்டில் விலை கேட்டுத் திகைத்து, அறுபத்துநான்கு பக்கத்தை நாற்பதாக்கி, நான்கு நிறத்தைக் கறுப்போடு ஒரு நீலமாகச் சுருக்கினோம். நீலம் தண்ணீருக்கு மட்டும். உப்பு ஏற ஏற அது மங்கும். பணம் இருந்திருந்தால் இந்த யோசனை எமக்கு வந்திராது.

இத்துடன் ஆறாம் வரைவின் இருபத்திரண்டாம் பக்கத்தை இணைத்துள்ளேன். இம்முறை இரண்டு தரம் திறந்து பார்த்துவிட்டுத்தான் அனுப்புகின்றேன். மேற்கட்டத்தில் அண்ணனின் இரண்டு கைகள், விரலிடுக்கில் செம்மண், கயிறு. பின்னால் ஓடிக்கொண்டிருக்கும் மோட்டர். கீழ்க்கட்டத்தில் நெஞ்சளவு தண்ணீரில் நிற்கும் பவளம் ஒரு கை அள்ளி நாக்கில் வைத்து, “அண்ணை, சவர்க்குது” என்கிறாள். மேலே மோட்டர்ச் சத்தத்தில் அவனுக்கு அது கேட்பதில்லை. ‘சிரித்திரன்’ நகைச்சுவை இதழை நடத்திய சுந்தரின் சவாரித் தம்பர் போன்ற கேலிப் படங்களுக்குப் பத்திரிகைகள் இடம் கொடுத்து வந்த நாடு இது; முன்னைய பக்கம் வெளியான அதே இடத்தில் இதையும் வெளியிட்டு, அந்தத் தவறைத் திருத்த உதவுமாறு வேண்டுகின்றேன்.

கண்டித்து எழுதிய வாசகரின் முகவரியை அவரது சம்மதத்தோடு தந்தால் இந்த வரைவு முழுவதையும் அவருக்கு அனுப்பிவைப்போம். வாசித்துவிட்டு இன்னொரு தரம் கண்டித்து எழுதினாலும் பரவாயில்லை. அச்சகத்தில் இன்னும் திகதி தரவில்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற சித்திர ஆசிரியர்,
புத்தூர், யாழ்ப்பாணம்.