ஆச்சி பெயரை உனக்கு ஏன் வைக்கவில்லை

சங்கரன்கோவில்
ஞாயிறு இரவு

அன்புள்ள திவ்யாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே நானும் அம்மாவும் நலம். ஏழாம் மாதம் பிறந்துவிட்டது, இனி மாடிப்படி ஏறி இறங்குவதைக் குறைத்துக்கொள் என்று அம்மா எழுதச் சொன்னாள். மாப்பிள்ளையை விசாரித்ததாகச் சொல்.

போன வாரம் போனில் நீ கேட்டது மனதிலேயே நிற்கிறது. "ஆச்சி பேரை எனக்கு ஏம்ப்பா வைக்கலை? எங்க கிளாஸ்ல நாலு திவ்யா. டீச்சர் கூப்பிட்டா நாலு பேரும் எந்திரிப்போம்" என்றாய். பெண் பிறந்தால் பிச்சம்மாள் என்றே வைத்துவிடலாமா, கொஞ்சம் சுருக்கியாவது வைக்கலாமா என்றும் கேட்டாய். "பிறகு சொல்றேன்" என்று போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டேன். சொல்லத் தெரியாமல் இல்லை. நின்றுகொண்டே போனில் சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை அது.

உன் தாத்தா 1952-ல் அச்சாபீஸ் ஆரம்பித்த நாளிலிருந்து ஒரு பழக்கம் வைத்திருந்தார். அடித்துக் கொடுக்கிற கல்யாணப் பத்திரிகை ஒவ்வொன்றிலும் ஒரு பிரதியைத் தகரப் பெட்டியில் போட்டு வைப்பார். நானும் அதை விடவில்லை. நேற்று பரணிலிருந்து பெட்டியை இறக்கி, தூசி தட்டி, ராத்திரி பதினொரு மணி வரை பார்த்துக்கொண்டே இருந்தேன். அம்மா இரண்டு முறை வந்து விளக்கை அணைக்கச் சொல்லிவிட்டுப் போனாள்.

ஒரு பத்திரிகையை எடுத்தால் மேலே தாத்தா பாட்டி பெயர்கள் இருக்கும். காலமாகியிருந்தால் முன்னால் 'தெய்வத்திரு' சேர்ந்திருக்கும். அதற்குக் கீழே அப்பா அம்மா. நடுவில் பெரிய எழுத்தில் மணமகனும் மணமகளும். அடியில் பொடி எழுத்தில் 'மழலைகள்' என்று வீட்டுக் குழந்தைகள். நான்கு தலைமுறை ஒரே தாளில் வந்துவிடும். 1978-ல் மழலை வரிசையில் நான் கோத்த ஒரு சுரேஷ் 2001-ல் மணமகனாக நடுவுக்கு வந்தான். இந்தத் தை மாதம் மகள் கல்யாணத்துக்கு அவனே வந்து பத்திரிகை கேட்டான். பெற்றோர் வரிசைக்கு ஏறிவிட்டான். ஆவுடையம்மாள் என்ற பெயர் நான் தொழிலுக்கு வந்த 1971-ல் மணமகள் பெயர். இன்றைக்கு அது முழுக்கப் பாட்டி வரிசையில்தான் இருக்கிறது. ஒரு பெயர் இப்படி அடியிலிருந்து ஒவ்வொரு வரிசையாக மேலே ஏறும். கடைசியில் 'தெய்வத்திரு' சேரும். அப்புறம் தாளைவிட்டே போய்விடும்.

தாத்தா காலத்துப் பத்திரிகைகளில் பெயரை வைத்தே ஊரைச் சொல்லிவிடலாம். கோமதி, சங்கரலிங்கம், சங்கரநாராயணன் என்றால் நம்ம ஊர். காந்திமதி, நெல்லையப்பன் என்றால் திருநெல்வேலி. குற்றாலிங்கம், குழல்வாய்மொழி என்றால் குற்றாலம் தென்காசிப் பக்கம். தாணுமாலயன் என்றால் சுசீந்திரம். அந்தந்த ஊர்ச் சாமி பெயரைத் தாத்தாவுக்கு வைத்தார்கள், தாத்தா பெயரைப் பேரனுக்கு வைத்தார்கள். பேரன் என்ற சொல்லே பெயரன் என்பதிலிருந்து வந்ததுதானே. ஆனால் மாமனார் பெயரை மருமகள் வாய்விட்டுச் சொல்லக் கூடாது. அதனால் பிள்ளைக்குக் கூப்பிட இன்னொரு பெயர் வேண்டியிருந்தது. 'சங்கரலிங்கம் என்ற ராஜா' என்று பத்திரிகையில் இரண்டையும் போடுவோம். பெட்டியின் அடியில் கிடக்கும் பத்திரிகைகளில் ஒரே பெயர்கள்தான் ஒரு தலைமுறை விட்டு ஒரு தலைமுறை திரும்பத் திரும்ப வருகின்றன.

அந்த மேல் வரிசைப் பெயர்களுக்குப் பின்னால் ஜாதியும் ஒட்டிக்கொண்டிருக்கும். 1929-ல் செங்கல்பட்டில் நடந்த சுயமரியாதை மாநாட்டிலேயே ஜாதிப் பட்டத்தை விட வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். நம் அச்சாபீஸ் தாளுக்கு அது வந்து சேர முப்பது நாற்பது வருடம் ஆயிற்று. 60-களின் பத்திரிகைகளில் தாத்தா பெயரில் பட்டம் இருக்கிறது, மாப்பிள்ளை பெயரில் இல்லை. அதே காலத்தில்தான் அறிவழகன், இளங்கோவன், தமிழ்ச்செல்வி, மலர்விழி எல்லாம் மழலை வரிசைக்கு வந்தார்கள். வேதாசலம் 1916-ல் மறைமலை அடிகள் ஆனார். நாராயணசாமி நெடுஞ்செழியன் ஆனார், ராமையா அன்பழகன் ஆனார். பெரியவர்கள் தங்களுக்கு மாற்றிக்கொண்டதைப் பார்த்து ஊரில் பிள்ளைகளுக்கு வைத்தார்கள். பேருந்துகூட ஒழுங்காக வராத கிராமத்திலிருந்து ஒருவர் வந்து 'கயல்விழி' என்று தாளில் எழுதிக் கொடுத்தது எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. அந்தப் பட்டங்களை இப்போது சில வீட்டுப் பிள்ளைகள் மணமகன் பெயருக்கே கேட்டு வாங்கிப் போடுகிறார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை. கேட்க வந்தவர்களிடம் சொல்லவும் செய்திருக்கிறேன்.

அப்புறம் ஷ் காலம் வந்தது. உனக்குச் சிரிப்பாக இருக்கும், எங்களுக்கு அது பெரிய பாடு. அச்சுக்குக் கோக்கிற ஈய எழுத்தை, அதை வார்க்கிற பவுண்டரியில் எடைக்குத்தான் வாங்குவோம். க, த, ம எல்லாம் நிறைய வரும். ஜ, ஷ, ஸ, ஹ எல்லாம் ஒரு கைப்பிடிதான், கேஸில் ஓரத்துச் சின்ன அறைகளில் கிடக்கும். 70-களின் கடைசியில் பார்த்தால் ரமேஷ், சுரேஷ், ராஜேஷ், கணேஷ், மகேஷ், தினேஷ். ஒரு வைகாசி முகூர்த்தத்துக்கு நாலு பத்திரிகை ஒரே சமயத்தில் கோத்து நிற்கிறது. ஐந்தாவதில் மாப்பிள்ளை பெயர் ராஜேஷ், அவன் தம்பி மகேஷ். கேஸில் ஒரு ஷ்-கூட இல்லை. முதல் பத்திரிகையை டிரெடிலில், அதாவது காலால் மிதித்து ஓட்டும் அச்சு இயந்திரத்தில், ஓட்டி முடித்து, எழுத்தைப் பிரித்துப் போட்ட பிறகுதான் ராஜேஷைக் கோக்க முடிந்தது. இதைக் கேட்டுத் தாத்தாவுக்குக் கோபம். "நம்ம சாமி பேருக்கெல்லாம் என்ன குறைச்சல்?" என்பார். நானும் அப்போது அப்படித்தான் நினைத்தேன்.

ஒரு நாள் பிள்ளைக்குப் பெயர் சூட்டும் விழாவுக்கு ஒருவர் கார்டு அடிக்க வந்தார். பக்கத்துக் கிராமம். அவருடைய அப்பா பெயர் சுடலை, தாத்தா பெயர் மாடன். பிள்ளைக்கு ராஜேஷ் என்று எழுதிக் கொடுத்தார். தாத்தா விடவில்லை, ஏன் இந்தப் பெயர் என்று கேட்டார். அவர் குரலை உயர்த்தாமல், "பேரைச் சொன்னா எந்தத் தெருன்னு தெரியக் கூடாது அண்ணாச்சி" என்றார். தாத்தா அதற்குப் பிறகு எவரிடமும் அந்தக் கேள்வியைக் கேட்டு நான் பார்க்கவில்லை. ரமேஷ், சுரேஷ் என்று எல்லோரும் ஒரே பெயரை வைக்கிறார்களே என்று பேசுகிறவர்களுக்கு இதைத்தான் நான் சொல்வேன். எல்லோருக்கும் ஒரே பெயர் இருந்தால் எவனையும் தனியாக ஒதுக்கி வைக்க முடியாது. பள்ளிக்கூட ரிஜிஸ்டரில் எந்தத் தெரு ரமேஷ் என்று வாத்தியாருக்குத் தெரியாது.

கடையநல்லூர்ப் பத்திரிகைகளில் மைதீனும் பீர்முகம்மதும் மேல் வரிசைக்குப் போய் ரியாஸும் ஆஷிக்கும் வந்ததும், பாளையங்கோட்டைப் பத்திரிகைகளில் ஞானப்பூ போய் ஜெனிபர் வந்ததும் இதே பெட்டியில் இருக்கின்றன. அதை நீ வரும்போது காட்டுகிறேன்.

இப்போது வருகிறவர்கள் நட்சத்திர எழுத்தோடு வருகிறார்கள். முன்பெல்லாம் நட்சத்திரம் ஜாதகத்தோடு நின்றுவிடும், வீட்டுப் பெயர் வேறு. இன்றைக்கு அதுவே முதல் எழுத்து. ஆயில்யத்துக்கு டி, டு, டே, டோ என்று ஜோசியர் எழுதிக் கொடுக்கிறார். ட-வில் தொடங்கும் சொல் தமிழில் கிடையாது. பாவம், அந்தப் பிள்ளையின் அப்பா போனைத் தடவித் தடவி எங்கிருந்தோ ஒரு பெயரைப் பிடித்துக்கொண்டு வருகிறார். அதே தெருவில் இன்னொரு வீட்டில் நிலா, யாழினி, ஆதிரை, இனியன். கீழடியில் கிடைத்த பானை ஓடுகளில் ஆதன், குவிரன் என்று தமிழி என்ற பழைய தமிழ் எழுத்தில் கீறியிருந்ததாகச் செய்தி வந்ததே, அதற்குப் பிறகு இரண்டு ஆதன்களுக்கு நான் கார்டு அடித்துவிட்டேன். 2000 வருடத்துக்கும் முன்னால் எவரோ பானையில் கீறிய பெயர் மறுபடி மழலை வரிசையில். அந்தக் கார்டைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

சரி, ஆச்சி விஷயத்துக்கு வருகிறேன்.

ஆச்சிக்கு முன்னால் அவள் அம்மாவுக்கு இரண்டு பிள்ளைகள் பிறந்து இறந்துவிட்டன. ஒன்று பிறந்த பதினோராம் நாள், ஒன்று ஆறு மாதத்தில். மூன்றாவதாக ஆச்சி பிறந்ததும் அவள் அம்மா ஏழு வீட்டில் மடிப்பிச்சை எடுத்து, அந்த அரிசியைக் கஞ்சி காய்ச்சிக் குடித்தாளாம். இது என் பிள்ளை இல்லை, பிச்சையாகக் கிடைத்தது, இதை எடுத்துக்கொண்டு போகாதே என்று எமனிடம் சொல்வதற்கு. அதனால் பிச்சம்மாள். அந்தக் காலத்துப் பத்திரிகைகளில் குப்பம்மாள், குப்புசாமி, மூக்கன், மூக்கம்மாள் என்று எத்தனையோ பெயர்கள் இருக்கின்றன. குப்பையில் போட்டு எடுத்த பிள்ளை, மூக்குக் குத்திவிட்ட பிள்ளை. ஒவ்வொன்றுக்கும் பின்னால் செத்துப்போன அண்ணனோ அக்காளோ உண்டு. 1971-ல்கூடத் தமிழ்நாட்டில் பிறந்த 1000 பிள்ளைகளில் 100-க்கும் மேல் முதல் பிறந்தநாளைப் பார்க்கவில்லை. 2020 கணக்கில் அது 13. பிச்சையும் குப்பனும் மூக்கனும் மழலை வரிசையிலிருந்து போனது நாகரிகத்தால் மட்டும் இல்லை. தடுப்பூசி வந்தது, ஆஸ்பத்திரியில் பிரசவம் நடந்தது, பிள்ளைகள் பிழைத்தார்கள். அந்தப் பெயர் தேவைப்படவில்லை.

நீ பிறந்த 1993-ல், வழக்கப்படி முதல் பெண்ணுக்கு என் அம்மா பெயர்தான். எனக்கும் அதில் இரண்டாவது யோசனை இல்லை. உன் பெயர் சூட்டு விழாவுக்குக் கார்டு கோத்துக்கொண்டிருந்தேன். எழுத்துக் கோக்கிற ஸ்டிக்கில் பி, ச், ச எடுத்து வைத்தாயிற்று. ஆச்சி சாப்பாட்டுத் தூக்கோடு வந்து பக்கத்தில் நின்றாள். அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது, அச்சு எழுத்து தலைகீழாக வேறு இருக்கும். ஆனாலும் என்ன கோக்கிறேன் என்று கேட்டாள். சொன்னேன்.

என் கையைப் பிடித்துக்கொண்டாள். "எய்யா, எம் பேரை மட்டும் பிள்ளைக்கு வச்சிராத. அது அழுத பேரு. எங்க அம்மா ஒவ்வொரு தடவை கூப்பிடும்போதும் அந்த ரெண்டு பிள்ளைகளையும் நினைச்சிக்கிட்டுதான் கூப்பிடுவா. அது என்னோட போட்டும். எதுக்கும் பயந்து வைக்காத பேரா ஒண்ணு வை" என்றாள்.

அப்புறம் அவளே மேசையில் கிடந்த புரூஃப் தாள்களைக் காட்டி, இதில் பிள்ளைகள் பெயர் என்னவெல்லாம் இருக்கிறது, வாசி என்றாள். அந்த மாதத்து வேலை முழுக்க அங்கே கிடந்தது. மழலை வரிசைகளை மட்டும் ஒவ்வொன்றாக வாசித்தேன். ரம்யா, சௌமியா, சந்தியா, வித்யா, திவ்யா. ஒவ்வொரு பெயரையும் வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள். கடைசியில், "தெவ்யா. இது வாயில நல்லா உருளுது. இதுக்கு அர்த்தம் என்ன?" என்றாள். தெய்வீகமானது என்று சொன்னேன். "போதும்" என்று தூக்கைத் திறந்து வைத்தாள். ஸ்டிக்கில் இருந்த மூன்று எழுத்தையும் எடுத்து அந்தந்த அறையில் போட்டுவிட்டு, உன் பெயரைக் கோத்தேன்.

அதனால்தான் உன் வகுப்பில் நாலு திவ்யா, பாப்பா. மற்ற மூன்று வீட்டிலும் இப்படித்தான் எவரோ ஒருவர் எங்கேயோ கேட்டு, வாயில் சொல்லிப் பார்த்து, மனதுக்குப் பிடித்து வைத்திருப்பார்கள். உன் பெயரை வைத்தது ஆச்சி. 2009-ல் கண்ணை மூடுகிறவரை அவள் உன்னைத் 'தெவ்யா' என்று கூப்பிட்டதை நீ அடிக்கடி கேலி செய்வாய். அவளுக்குத் தி வரவில்லை என்றுதான் நீ நினைத்திருப்பாய். அவள் முதன்முதலில் சொன்ன மாதிரியே கடைசிவரை சொன்னாள், அவ்வளவுதான்.

பிறக்கப்போகிற பிள்ளைக்கு ஆச்சி பெயரை வைக்க வேண்டும் என்று உனக்குத் தோன்றினால் நான் குறுக்கே நிற்க மாட்டேன், நீ பெற்றவள். ஆனால் அவள் வேண்டாம் என்று சொன்னதை உன்னிடம் சொல்லாமல் இருப்பது சரியில்லை. யாருக்கும் இல்லாத பெயராக இருக்க வேண்டும் என்று தேடி அலையாதே. உனக்கும் மாப்பிள்ளைக்கும் பிடித்த நாலைந்து பெயரை எழுதி வைத்துக்கொண்டு, வீட்டுக்குள் சத்தமாகக் கூப்பிட்டுப் பாருங்கள். சமையலறையிலிருந்து கூப்பிடு, கோபமாகக் கூப்பிடு, தூங்கவைக்கிற குரலில் கூப்பிடு. எது வாயில் உருளுகிறது என்று தெரிந்துவிடும். சம்பந்தி அம்மாவையும் சொல்லிப் பார்க்கச் சொல்.

டிரெடிலை எடைக்குப் போட்டு வருடங்கள் ஆயிற்று. ஈய எழுத்தில் ஒரே ஒரு கேஸ் மட்டும் கட்டிலுக்கு அடியில் வைத்திருக்கிறேன், 24 பாயிண்ட். நேற்று அதையும் இழுத்துத் துடைத்து வைத்தேன். ஷ் இப்போது நிறையவே இருக்கிறது, ஹ-வும் ஸ்ரீ-யும்கூட உண்டு. பெயர் முடிவானதும் உன் கையாலேயே எழுதிப் போட்டோ எடுத்து அனுப்பு. நெடிலா குறிலா என்று தெளிவாக எழுது. கோத்து, மை தடவி, கையால் அழுத்தி ஒரு பிரதி எடுத்து வருகிறேன்.

அன்புடன்,
அப்பா

லேகியம் கிளறி வைத்திருக்கிறாளாம் அம்மா. வரும்போது கொண்டுவருவோம், அங்கே கடையில் வாங்க வேண்டாம்.